டிரைவர் இல்லாத மெட்ரோவா, மோட்டார்மேன் ஓட்டும் லோக்கலா: புது ரயிலுக்குத் தயாராவதில் எது லேசு?

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற மோட்டார்மேன் ஒருவர் இருக்கிறார். கடற்கரை–தாம்பரம் தடத்தில் பல வருஷம் வண்டி ஓட்டியவர். பூந்தமல்லி மெட்ரோவில் டிரைவரே கிடையாதாமே சார் என்று ஒருநாள் கேட்டேன். "டிரைவர் இல்லாம இருக்கலாம் தம்பி. ஓட்டுறவன் இல்லாம எப்படி?" என்றார். அப்போது ஏதோ பழைய ஆள் வீம்பு என்று நினைத்தேன். கொஞ்சம் படித்துப் பார்த்தால், அவர் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது.

சென்னையில் புதிதாக ஓர் உள்ளூர் ரயில் விட வேண்டும் என்றால் இன்று மூன்று வழி உண்டு. வழக்கமான மின்ரயில், ஏசி மின்ரயில், ஆளில்லா மெட்ரோ. கட்டணம், வேகம், குளிர்ச்சி எல்லாவற்றையும் பலர் ஒப்பிட்டுவிட்டார்கள். வண்டியையும் ஆட்களையும் தயார் செய்வதில் எது லேசு, எது பாடு என்று மட்டும் இங்கே பார்ப்போம்.

வழக்கமான மின்ரயிலில் வண்டி ஒரு பெரிய பிரச்சினையே இல்லை. பெரம்பூர் ஐசிஎஃப் 1955-லிருந்து பெட்டி கட்டுகிறது. பராமரிக்க ஆவடி, தாம்பரம், வேளச்சேரியில் ஷெட் இருக்கிறது. எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் இந்த வண்டியின் வியாதி என்ன, மருந்து என்ன என்று தூக்கத்தில் சொல்வார்.

ஆட்கள் கதை வேறு. மோட்டார்மேன் வெளியிலிருந்து நேராக வருவதில்லை. உதவி லோகோ பைலட்டாகச் சேர்ந்து, சரக்கு வண்டி ஓட்டி, அனுபவம் ஏறிய பிறகு, 'சைக்கோ டெஸ்ட்' என்று அவர்கள் சொல்லும் மனத்திறன் தேர்வில் தேறித்தான் அந்த இருக்கைக்கு வர வேண்டும். வந்த பிறகும் தெரியாத தடத்தில் சாவியைக் கொடுத்துவிட மாட்டார்கள். எல்.ஆர். போட வேண்டும். அதாவது தடம் பழகுதல். தெரிந்தவர் ஓட்ட, இவர் பக்கத்தில் நின்று பகலிலும் இரவிலும் போய் வர வேண்டும். எந்த சிக்னல் வளைவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, எந்த ஸ்டேஷனில் பிளாட்பாரம் சரிவில் முடிகிறது, மேல்கம்பியில் மின்சாரம் இல்லாத நியூட்ரல் செக்ஷன் எங்கே வருகிறது, எல்லாம் மனப்பாடம் ஆக வேண்டும். நியூட்ரல் செக்ஷனுக்கு 500 மீட்டர் முன்பு ஒரு போர்டு, 250 மீட்டர் முன்பு இன்னொன்று. அதற்குள் பவரை அணைத்து, வந்த வேகத்திலேயே உருண்டு கடக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் அந்தப் பக்கமே போகாமல் இருந்தால் மறுபடியும் எல்.ஆர்.தான்.

"போர்டைப் பார்த்து பிரேக் பிடிச்சா லேட்டு" என்பார் எங்கள் தெருக்காரர். அவருக்கு ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஓர் அடையாளம் இருந்தது. ஒரு மரம், ஒரு கோயில் சுவர், ஒரு பாலத்தின் முனை. கோடை முடிந்து முதல் தூறல் விழும் நாளில் தண்டவாளம் எண்ணெய் தடவியது போல் வழுக்கும், அன்றைக்கு எல்லா அடையாளத்தையும் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்துக்கொள்வாராம். இது எந்த வகுப்பிலும் வராத பாடம்.

ஒரு சின்னக் கணக்கு. இருக்கிற தடத்தை ஐந்து கிலோமீட்டர் நீட்டுகிறோம், போக வர இருபது நிமிஷம் கூடுகிறது, பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி என்று வைத்துக்கொள்வோம். கூடுதலாக இரண்டு ரேக், அதாவது பெட்டிகள் கோத்த இரண்டு முழு வண்டி வேண்டும். ஒவ்வொன்றிலும் முன்னால் மோட்டார்மேன், பின்னால் கார்டு. (2022-லிருந்து கார்டுக்கு 'டிரெயின் மேனேஜர்' என்று பெயர். ஓட்டுநர்களும் கார்டுகளும் பணிக்கு வந்து சேரும் லாபியில் யாரும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.) ஒரு நேரத்துக்கு நான்கு பேர். விடியற்காலை முதல் நள்ளிரவு வரை ஷிஃப்ட், வார ஓய்வு, லீவு, காய்ச்சல் எல்லாம் சேர்த்தால் பன்னிரண்டு, பதினைந்து பேர் இல்லாமல் லிங்க், அதாவது யாருக்கு எந்த வண்டி என்ற பணிப்பட்டியல், ஓடாது. இரண்டு ரேக்கைக் கண்டுபிடிப்பது சுலபம். இந்தப் பதினைந்து பேரை வேறு தடத்தைக் காயப்போடாமல் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

ஏசி மின்ரயிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2025 ஏப்ரல் 19-ல் கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் வந்தது. அதே தண்டவாளம், அதே சிக்னல், 12 பெட்டி, அதே ஐசிஎஃப். ஏற்கெனவே தடம் தெரிந்தவருக்குப் புது வண்டியின் ஸ்விட்சுகளைப் பழக்கினால் போதும். இங்கே பழக வேண்டியது நாம்தான். கதவு முழுசாக மூடாமல் வண்டி நகராது. மாம்பலத்தில் ஒரு கல்லூரிப் பையன் பையை நீட்டிக் கதவைத் தடுக்க, பின்னால் வந்த அம்மா "விடுடா கண்ணா, எல்லாருக்கும் லேட்டாகுது" என்று அவன் தோளில் தட்டியதைப் பார்த்தேன். அரை நிமிஷம் நின்று கிளம்ப வேண்டிய இடத்தில் இப்படிக் கதவு திறந்து மூடினால், பின்னால் வரும் சாதாரண லோக்கலும் சேர்ந்து நிற்கும். குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய் என்பது தனி வழக்கு.

இப்போது ஆளில்லா மெட்ரோ. இங்கே எல்லாம் தலைகீழ். ஆளைப் பழக்கும் காலம் குறைவு, வண்டியைப் பழக்கும் காலம் அதிகம். முதல் கட்ட மெட்ரோவில் டிரைவர் உண்டு, அப்படியும் எவ்வளவு நாள் ஆனது பாருங்கள். முதல் வண்டி 2013-ல் பிரேசிலிலிருந்து கப்பலில் வந்தது. கோயம்பேடு–ஆலந்தூர் இடையே மக்கள் ஏறியது 2015 ஜூன் 29-ல். இரண்டாம் கட்டத்துக்கு ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் கட்டிய மூன்று பெட்டி வண்டி 2024 கடைசியில் பூந்தமல்லி டெப்போவுக்கு வந்தது. 2025 மார்ச்சில் முல்லைத்தோட்டம் வரை சோதனை ஓட்டம். அதற்கு அப்புறம்தான் உண்மையான வேலை. பயணிகளின் எடைக்கு மணல் மூட்டை ஏற்றி ஓட்டிப் பார்ப்பது, ஆட்டத்தை அளப்பது, திடீர் பிரேக்கில் எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று பார்ப்பது, சிக்னலும் வண்டியும் பேசிக்கொள்வதைச் சரிபார்ப்பது, கடைசியில் ரயில் பாதுகாப்பு ஆணையரின் ஆய்வு. மோட்டார்மேன் மரத்தையும் கோயில் சுவரையும் வைத்துக் கற்றதை, இங்கே கம்ப்யூட்டருக்கு மீட்டர் மீட்டராகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இதற்குக் கைமேல் பலன் உண்டு. 12 பெட்டி மின்ரயில் கடைசி ஸ்டேஷனில் திரும்ப வேண்டுமானால், மோட்டார்மேன் கால் கிலோமீட்டர் பிளாட்பாரத்தில் நடந்து மறுமுனைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் அங்கே வேறொருவர் தயாராக நிற்க வேண்டும். ஆளில்லா வண்டிக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. திடீரெனக் கூட்டம் கூடினால் டெப்போவிலிருந்து ஒரு வண்டியை உடனே இறக்கலாம். லிங்கில் ஆள் இருக்கிறாரா என்று தேட வேண்டாம்.

ஆனால் 'ஆளே வேண்டாம்' என்பது விளம்பரப் பேச்சு. 2017 டிசம்பர் 19-ல் டெல்லியில் ஆளில்லா ஓட்டத்துக்காகக் கட்டிய மெட்ரோ வண்டி ஒன்று, திறப்பு விழாவுக்கு ஆறு நாள் இருக்கும்போது, காளிந்தி குஞ்ச் டெப்போவின் சுவரை இடித்துக்கொண்டு வெளியே வந்து நின்றது. நல்ல வேளையாக யாருக்கும் அடியில்லை. கம்ப்யூட்டர் கோளாறில்லை. பராமரிப்பின்போது பிரேக்கை விடுவித்துவிட்டு, சரிபார்க்காமல் வண்டியை நகர்த்திவிட்டார்கள். அந்தத் தடம் டிரைவர்களோடு திறக்கப்பட்டு, 2020 டிசம்பர் 28-ல்தான் ஆளில்லாமல் ஓடியது. கேபினில் இருந்த கவனத்தை டெப்போவுக்கும் கன்ட்ரோல் அறைக்கும் மாற்றுகிறோம், அவ்வளவுதான். நடுவழியில் வண்டி நின்றால் ஏறிப் போய்க் கையால் ஓட்டத் தெரிந்தவர்களும் வேண்டும். தினமும் ஓட்டாத கைக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதே ஒரு வேலை.

என்னைக் கேட்டால், பூந்தமல்லி மாதிரி அடியிலிருந்து கட்டும் தனித் தடத்துக்கு ஆளில்லா வண்டியே சரி. வேளச்சேரி–பரங்கிமலை போல இருக்கும் பாதையின் நீட்டலுக்குச் சாதாரண மின்ரயிலும் மோட்டார்மேனும்தான் சீக்கிரம் தயாராகும். ஏசி வண்டி, ஏற்கெனவே ஓடும் தடத்தில் கூடுதலாக விடத்தான் லாயக்கு, புதுத் தடத்தைத் தொடங்கி வைக்க அல்ல.

பறக்கும் ரயிலை மெட்ரோவிடம் ஒப்படைக்கும் பேச்சு பல வருஷமாக நடக்கிறதே, அங்கேதான் எனக்குக் குழப்பம். பறக்கும் ரயில் அகலப்பாதை, 1676 மில்லிமீட்டர். மெட்ரோ 1435. மெட்ரோ வண்டி பறக்கும் ரயில் பாதையில் ஓடாது, பறக்கும் ரயில் வண்டி மெட்ரோ பாதையில் ஓடாது. திருவல்லிக்கேணியிலிருந்து மயிலாப்பூர் வரை கால்வாய் ஓரத்து வளைவுகள் தெரிந்த ஆட்கள் எல்லாம் ரயில்வே ஊழியர்கள். அவர்களையே கடன் வாங்குவார்களா, புதிதாகப் பழக்குவார்களா என்று தெருக்காரரிடம் கேட்டேன்.

"என்னைக் கூப்பிடட்டும், வர்றேன்" என்றார். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆயிற்றே சார் என்றேன்.

"அதனால என்ன, திரும்ப எல்.ஆர். போட்டுக்கிறேன்."