நெடும்பாசேரியா, பீளமேடா? ஒரு பொள்ளாச்சிக்காரனின் பதில்

பொள்ளாச்சிப் பக்கம் "ஏர்போர்ட்டுக்குப் போறோம்" என்று யாராவது சொன்னால், எந்த ஏர்போர்ட் என்று திருப்பிக் கேட்டாக வேண்டும். சென்னை, டெல்லி போகிறவர் கோயமுத்தூர் பீளமேட்டுக்குப் போவார். துபாய், தோகா, மஸ்கட் போகிறவர் மேற்கே கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி, கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரிக்குப் போவார். மகன் வளைகுடாவில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நான் இரண்டாவது ரகம். போக, வர, வழியனுப்ப, கூட்டிவர என்று வருசக்கணக்காக அந்தப் பாதையில் அலைந்துகொண்டிருக்கிறேன்.

நெகமத்து நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "ஏனுங்ண்ணா, பொண்ணுக்குப் பிரசவம். அம்மாவையும் கூட்டிட்டு துபாய் போலாம்னு இருக்கறோம். நெடும்பாசேரியில டிக்கெட் போட்டரட்டுங்களா? ஒரு வார்த்தை சொல்லுங்க." ஒரு வார்த்தையில் முடிகிற விசயமா இது? அவருக்குச் சொன்னதையும், போனில் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். டிக்கெட்டில் கொச்சி என்றிருக்கும், பெட்டியில் ஒட்டும் சீட்டில் சி.ஓ.கே. என்றிருக்கும், போர்டில் கொச்சின் இன்டர்நேஷனல் ஏர்போர்ட் என்றிருக்கும், டிரைவர் நெடும்பாசேரி என்பார். எல்லாம் ஒன்றுதான். நிறுவனத்தைப் பதிவு செய்தது 1994-இல். ஊர்ப் பெயர் கொச்சி என்று மாறியது 1996-இல். அதனால் ஊர் மாறியும் விமான நிலையம் பழைய பெயரிலேயே நின்றுவிட்டது. கொச்சி என்ற பெயரைப் பார்த்து எர்ணாகுளம் வரைக்கும் போக வேண்டுமோ என்று யாரும் பயப்பட வேண்டாம். நகரம் அதற்கும் தெற்கே 25, 30 கிலோமீட்டர். நாம் அங்கமாலி தாண்டியதுமே திரும்பிவிடலாம். கோயமுத்தூரிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர், பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு, நெம்மாரா வழியாகப் போனால் அதைவிடக் குறைவு.

அந்த இடம் உருவான கதையைக் கேட்டால் நம்மவர்களுக்குக் கொஞ்சம் பொறாமை வரும். எனக்கு வந்தது. அதற்கு முன்னால் கொச்சிக்கு இருந்தது வில்லிங்டன் தீவில் கடற்படையின் ஓடுதளம்தான். பெரிய விமானம் இறங்க அங்கே நீளம் பத்தாது. புதிதாகக் கட்ட அரசிடம் பணம் இல்லை. வி.ஜே. குரியன் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி, வெளிநாட்டில் வேலை செய்யும் மலையாளிகளிடமே கேட்போம் என்று கிளம்பினார். ஆரம்பத்தில் வந்த பணம் சொற்பம். பிறகு பங்கு, ஹட்கோ என்ற மத்திய அரசு நிறுவனத்தின் கடன், மாநில அரசின் பணம் என்று சேர்த்து, சுமார் 300 கோடியில் 1,300 ஏக்கரில் எழுப்பினார்கள். 1999 மே 25 அன்று குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் திறந்து வைத்தார். இந்தியாவில் அரசும் பொதுமக்களும் பங்கு போட்டுக் கட்டிய முதல் விமான நிலையம் இதுதான். இன்றைக்கும் கேரள முதல்வர்தான் நிறுவனத்தின் தலைவர். துபாயில் டிரைவராக இருந்தவரும் அதில் பங்குதாரர், கோடீஸ்வரரும் பங்குதாரர்.

சூரிய மின்சாரம் பற்றி எல்லோரும் கேட்டிருப்பீர்கள். 2015 ஆகஸ்ட் 18 முதல், முழுக்கச் சூரிய மின்சாரத்தில் ஓடும் உலகின் முதல் விமான நிலையம் இது. அப்போது வைத்தது 45 ஏக்கரில் 12 மெகாவாட், 46,000-க்கும் மேற்பட்ட தகடுகள். 2018-இல் ஐ.நா.வின் சுற்றுச்சூழல் விருது வந்தது. பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதெல்லாம் பெரிதாகத் தோன்றாது என்று நினைத்துத்தான் போனேன். ஆனால் அந்தத் தகடுகளுக்கு நடுவே காய்கறி விளைவிக்கிறார்கள் பாருங்கள், அங்கே விழுந்துவிட்டேன். தகடு கழுவுகிற தண்ணீர் அப்படியே பாத்திக்குப் போகிறது. தகட்டைக் கழுவியே ஆக வேண்டும், களை முளைக்கவும் விடக்கூடாது, இரண்டு வேலையும் ஒரே தண்ணீரில் முடிகிறது. தோட்டக்காரன் புத்தி. கார் நிறுத்துமிடத்திலும் கூரையாகத் தகடு போட்டிருக்கிறார்கள். மத்தியான வெயிலில் மகனைக் கூட்டிவர நிறுத்திவிட்டு, திரும்பி வந்து ஸ்டியரிங்கைத் தொட்டால் கை சுடவில்லை. எனக்கு மின்சாரக் கணக்கைவிட அதுதான் பெரிசு.

வெளிநாட்டு விமானங்களுக்கு டி3 டெர்மினல், உள்நாட்டுக்கு டி1. டி3 திறந்தது 2017-இல். ஓட்டுக் கூரை பாணியில் முகப்பு, உள்ளே நெற்றிப்பட்டம் கட்டிய பூரம் யானைகள். முதல் தடவை பார்க்கும்போது நன்றாக இருக்கும், அப்புறம் யானையைத் தாண்டிக் கவுன்டர் எங்கே என்று கண் தேடும். இடம் தாராளம். பெரியவர்களுக்குச் சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே சொல்லி வைத்தால் வாசலிலேயே ஆள் வருவார். மொழிப் பிரச்சினை கிடையாது. நாம் தமிழில் கேட்போம், அவர்கள் மலையாளத்தில் சொல்வார்கள், வேலை நடக்கும். டீ, பப்ஸ் விலையைப் பற்றிப் பேசிப் பிரயோசனமில்லை, எல்லா ஏர்போர்ட்டிலும் அதே கதைதான். அங்கமாலியிலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டு போய்விடுங்கள்.

டிக்கெட் இல்லாதவருக்கு உள்ளே அனுமதி இல்லை என்பது பொதுவாக நாடு முழுக்க உள்ள விதி. ஒருவரை அனுப்ப ஒன்பது பேர் வேனில் போகிற ஊர் நம் ஊர். மகனை அனுப்பப் போகும்போதெல்லாம் என் மனைவி தடுப்புக் கம்பிக்கு மேலே கையை நீட்டி, வாழையிலையில் கட்டிய சந்தகைப் பொட்டலத்தைக் கடைசியாக ஒருதரம் கொடுப்பாள். அவன் அதை வாங்கி, ஏற்கெனவே எடை பார்த்து மூடிய பையைத் திறந்து திணிப்பான். அதுவரை சரி. அவன் உள்ளே போனபின், விமானம் கிளம்பிவிட்டது என்று தெரியும்வரை வழியனுப்ப வந்தவர்கள் நகர மாட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வண்டியின் சீட்டைச் சாய்த்து, கொசுவோடு படுத்துக் கிடப்போம்.

இந்த ஒரு கஷ்டத்தைத் தீர்த்துவிட்டார்கள் என்பதற்காகவே நான் கூடுதல் மார்க் போடுவேன். 2024 செப்டம்பரில் டி2 பக்கம் ஒரு தங்குமிடம் திறந்தார்கள். பெயர் '0484 ஏரோ லவுஞ்ச்'. எர்ணாகுளத்தின் பழைய எஸ்.டி.டி. கோடு அது. போன் பூத்தில் நின்று நம்பர் சுழற்றிய தலைமுறைக்குப் பெயரைப் பார்த்ததுமே சிரிப்பு வரும். பாதுகாப்புச் சோதனைக்கு வெளியே இருப்பதால் பயணி மட்டுமில்லாமல் கூடப் போனவரும் தங்கலாம். முழு நாள் வாடகை கட்ட வேண்டாம், மணிக்கணக்கில் அறை எடுக்கலாம். வழியனுப்ப வந்த என் மாமியார் அங்கே கால் நீட்டிப் படுத்து எழுந்தபின், மாப்பிள்ளை மேல் அவருக்கு இருந்த மரியாதையே ஒரு படி ஏறிவிட்டது.

இவ்வளவும் நிலையத்தைப் பற்றி. இனி வழியைப் பற்றி.

எங்களுக்கு நெடும்பாசேரி என்பது வடக்கஞ்சேரியிலேயே ஆரம்பித்துவிடும். முன்பு குதிரான் மலைப் பாதை. ஒரு லாரி ஏற்றத்தில் நின்றால் இரண்டு பக்கமும் ஊர்ந்தே போக வேண்டும். லாரிக்காரர்கள் வழியில் உள்ள அய்யப்பன் கோயிலுக்குக் காசை வீசிவிட்டுப் போவார்கள், நாங்களும் ஃபிளைட்டைப் பிடித்துவிட வேண்டும் என்று வீசியிருக்கிறோம். 2021 ஜூலை கடைசியில் குகைப்பாதையின் ஒரு பக்கத்தைத் திறந்தார்கள். கேரளத்தின் முதல் சாலைக் குகை, ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு பாட்டு முடிவதற்குள் மலையே தாண்டிவிடுகிறது. அன்றைக்கு வந்த சந்தோஷத்தில், இனி மூன்று மணி நேரத்தில் கதவைத் தட்டிவிடலாம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

அந்த சந்தோஷத்தை விழுங்கியது திருச்சூருக்கு அந்தப் பக்கம். ஆம்பல்லூர், முரிங்ஙூர், சிறங்கரை என்று ஒவ்வொரு சந்திப்பிலும் சுரங்கப்பாதை வேலை. நான்கு வழிச் சாலையைத் தோண்டிப் போட்டு, சர்வீஸ் ரோடு என்ற பெயரில் இருக்கும் குழிகளில் கன்டெய்னர் லாரியையும் காரையும் சேர்த்து இறக்கிவிடுகிறார்கள். ஒரு ராத்திரி முரிங்ஙூரில் மாட்டிக்கொண்டோம். முன்னால் ஒரு டேங்கர், பின்னால் ஆம்னி பஸ். மகன் போனில் மேப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான், அந்தச் சிவப்புக் கோடு குறையவே இல்லை. கவுன்டரோ ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடும். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் பீடி பற்ற வைத்தபோது எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. எப்படியோ ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம், மகன் கடைசி ஆளாகப் பெட்டியைப் போட்டான். இந்த லட்சணத்துக்கு வழியில் சுங்கம் வேறு. 2025 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றமே, ரோடு இப்படி இருக்கும்போது வசூல் எதற்கு என்று பாலியேக்கரையில் சுங்கத்தை நிறுத்தி வைத்தது. அக்டோபரில் திரும்ப வசூல் ஆரம்பித்தது.

ரயிலில் போகலாமே என்பார்கள். ஆலுவாவிலோ அங்கமாலியிலோ இறங்கி டாக்ஸி பிடிக்கலாம். தனி ஆளுக்குச் சரி. மூன்று பெட்டி, ஒரு பாட்டி என்றால் நடக்காது.

நியாயமாகப் பார்த்தால் சாலைக்கு விமான நிலையம் என்ன செய்யும்? 2018 வெள்ளத்தில் பெரியாறு உள்ளே புகுந்து ஓடுதளமே மூழ்கிய இடம் அது. ஆகஸ்ட் 15 அன்று மூடியவர்கள் 29 அன்று திறந்துவிட்டார்கள். தன் வேலையைத் தெரிந்த கூட்டம். என் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் வேறு.

பீளமேட்டில் 1940-இலிருந்து விமானம் இறங்குகிறது. நெடும்பாசேரி தென்னந்தோப்பும் வயலுமாகக் கிடந்த காலத்திலேயே நமக்கு ஏரோட்ரோம் இருந்தது. பன்னாட்டு நிலையம் என்ற அந்தஸ்து வந்தது 2012-இல்தான். வந்து என்ன? இன்றைக்கும் நேரடியாகப் போவது சிங்கப்பூர், சார்ஜா, அபுதாபி. துபாய்க்காரர்களின் விமானம் இங்கே இறங்க வேண்டுமென்றால் இரு நாட்டு விமான ஒப்பந்தத்தில் கோவையின் பெயர் இருக்க வேண்டும். கொச்சி இருக்கிறது, நாம் இல்லை. ஓடுதளம் இங்கே 2,990 மீட்டர், அங்கே 3,400. நீட்டுவதற்கு 600 ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கும் வேலை பத்து வருசத்துக்கும் மேலாக இழுத்தது. அதற்குப் பாதிக் காலத்தில் அவர்கள் ஒரு விமான நிலையத்தையே கட்டித் திறந்துவிட்டார்கள். இங்கே பஸ் நிறுத்தத்தின் பெயர்கூட ஏர்போர்ட் இல்லை, சித்ரா. பக்கத்தில் இருக்கும் ஜவுளி ஆராய்ச்சி நிலையத்தின் பெயர் அது. பஞ்சாலை ஊர், சரிதான். 2025 அக்டோபரில் அவினாசி ரோட்டில் 10 கிலோமீட்டர் நீள ஜி.டி. நாயுடு மேம்பாலம் திறந்தபின், ஊருக்குள்ளிருந்து சித்ரா பக்கம் போவது சுலபமாகிவிட்டது. ரோடு தயார், விமானம்தான் வர வேண்டும்.

ஆக, நண்பருக்கு நான் சொன்னது இதுதான்: பீளமேட்டில் சார்ஜா விமானத்துக்குப் போடுங்க. சார்ஜாவிலிருந்து துபாய்க்குக் காரில் அரை மணி, முக்கால் மணி. மாப்பிள்ளை வந்து கூட்டிக்கொள்ளட்டும். "இவ்வளவு நேரம் நெடும்பாசேரிக்குக் கொடி பிடிச்சீங்க?" என்று கேட்டார். பிடித்தேன்தான். நல்ல இடம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எழுபத்தைந்து வயது அம்மாவை முரிங்ஙூர் குழியில் நடுராத்திரி உட்கார வைக்க நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சுரங்கப்பாதை வேலை முடியட்டும், பார்க்கலாம். மகனுக்கு அடுத்த லீவுக்கு எங்கே போடுவது என்று கேட்காதீர்கள், அவன் ஏற்கெனவே கொச்சிக்குப் போட்டுவிட்டான்.

ஒன்று சொல்ல மறக்கக் கூடாது. எந்த நிலையத்தில் ஏறினாலும் பெட்டியில் கொப்பரை வைக்காதீர்கள். எண்ணெய்ப் பசை உள்ளது, தீப்பிடிக்கும் என்று விட மாட்டார்கள். பொள்ளாச்சிப் பெட்டி என்றால் ஸ்கேனரில் முதலில் தேடுவதே அதைத்தான் போலிருக்கிறது. அம்மாவிடம் சொன்னால் தலையாட்டிவிட்டு, புடவை மடிப்புக்குள் நாலு மூடி வைத்துவிடுவார். பூட்டுவதற்கு முன்னால் நீங்களே ஒரு தடவை கையை விட்டுத் துழாவிப் பாருங்கள்.