பிரிக்பீல்ட்ஸ் இணையச் சேலைக்கடை: துணி சரி, விவரம் பாதி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கடை வைத்து, சொந்த இணையத்தளத்திலும் சேலை விற்கும் வணிகம் இது. துணியில் குறையில்லை. சாயம் சீராக ஏறியிருக்கிறது, முந்தானையில் நூல் பிசிறு இல்லை, இரவிக்கைத் துணி 80 சென்டிமீட்டர் என்று போட்டபடியே வருகிறது. ஆர்டரைத் திருத்த வசதி உண்டு, உறுதி மின்னஞ்சலும் உடனே வந்துவிடுகிறது. குறையெல்லாம் விற்பனைப் பக்கத்தில்தான்.

பாதிச் சேலைகளுக்கு விலையே போடவில்லை, "விலைக்கு பி.எம். செய்யவும்", அதாவது தனிச்செய்தி அனுப்பிக் கேட்கவும், என்று இருக்கிறது. இது விதிமீறல். மலேசியாவில் 2013 ஜூலை முதல் நடப்பிலிருந்த மின்வணிக விதிமுறைகளுக்குப் பதிலாக 2024 டிசம்பரில் புதியவை வந்துள்ளன. போஸ்டேஜ், வரி சேர்ந்த முழு விலையைப் பக்கத்திலேயே காட்ட வேண்டும். இங்கே 129 ரிங்கிட் சேலை, பணம் கட்டும் இடத்தில் 141 ஆகிறது. சபா, சரவாக்குக்கு அனுப்ப எவ்வளவு என்பதும் பணம் கட்டும் பக்கத்துக்குப் போனால்தான் தெரியும்.

"சாஃப்ட் சில்க்" என்ற பெயரும் போதாது. பட்டா, பாலியெஸ்டரா, கலப்பா? வீட்டில் அலசுவதா, டிரை கிளீனுக்குக் கொடுப்பதா என்பதே அதைப் பொறுத்தது.

இவற்றைவிடப் பெரிய குறை, எஸ்.எஸ்.எம். (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவு எண் எங்கும் இல்லாதது. 2019 அக்டோபரில் வந்த புதிய எண்ணில் 12 இலக்கங்கள்: முதல் நான்கு, பதிவான ஆண்டு, அடுத்த இரண்டு 01 என்றால் உள்நாட்டு நிறுவனம், 03 என்றால் தனியாள் அல்லது கூட்டு வணிகம். சேலை வராமல் போனால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி, வழக்கறிஞர் இல்லாமலே, 50,000 ரிங்கிட் வரை கோரலாம். ஆனால் கோரிக்கைப் படிவமான பாரம் 1-இல் எதிர்த்தரப்பின் பெயர், எண், முகவரி கேட்பார்கள். பலகைப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நோட்டீஸை யாருக்கு அனுப்புவது? விற்பவர் மறைத்த அந்த ஒரு வரியால் நியாயமான கோரிக்கையும் முடங்கிவிடும்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற வாசகத்துக்குப் பயப்பட வேண்டாம். நிறம் பிடிக்கவில்லை என்றால் அது செல்லும். பழுதான சேலைக்கு 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையை எந்த அறிவிப்பாலும் பறிக்க முடியாது.

வாங்குவதாக இருந்தால், பதிவு எண்ணையும் துணி வகையையும் வாட்ஸ்அப்பில் எழுத்தில் கேளுங்கள். விலைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். எண் தர மறுத்தால் பணம் அனுப்பாதீர்கள். கடைக்கே நேரில் போய் ரசீதோடு வாங்குங்கள்.