கணினியில் சத்தம் வரவில்லை என்று ஆள் கூப்பிடப் போகிறீர்களா? எனக்கு 278 வெள்ளி போன கதையைப் படித்துவிட்டுக் கூப்பிடுங்கள்

278 சிங்கப்பூர் வெள்ளி. நேற்று இரவு என் அக்கா மகன் வந்து மௌஸை மூன்று தடவை அழுத்தினான், கணினியில் சத்தம் வந்துவிட்டது. அதே சத்தத்துக்காகத்தான் போன புதன்கிழமை ஒருவருக்கு 278 வெள்ளியை பேநவ் (கைப்பேசி எண்ணை வைத்து வங்கிக் கணக்குக்கு உடனே பணம் அனுப்பும் வசதி) செய்திருந்தேன். இரவெல்லாம் தூக்கமே இல்லை. காலையில் எம்ஆர்டி ரயிலில் நின்றபடி எழுத ஆரம்பித்தேன், மதியச் சாப்பாட்டு நேரத்தில் முடிக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆள் கூப்பிடும் முன் நாமே என்னென்ன பார்க்கலாம் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு மனம் ஆறாது.

எங்கள் நான்கறை வீட்டில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு கணினிதான். கூடத்து மூலையில் இருக்கும். அம்மா, நான், வீட்டுக்காரர், மகள் என்று நாலு பேருக்கும் அதில் தனித்தனிக் கணக்கு. மகள் தொடக்கநிலை ஆறு. ஆகஸ்டில் தமிழ் வாய்மொழித் தேர்வு, காணொளியைப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். அதற்கப்புறம் கேட்டல் கருத்தறிதல். இந்த ஜூன் விடுமுறையில்தான் உட்கார்ந்து பயிற்சி செய்ய நேரம். அம்மாவுக்கு வயது 71. தினமும் காலை ஆறு மணிக்கு விளக்கேற்றிவிட்டு, தான் படித்த திருமுறை வகுப்பின் ஒலிப்பதிவுகளைப் போட்டுக் கேட்பார். வகுப்பு நடந்த ஆறு வருடமும் அம்மாவே கைப்பேசியில் பதிந்து, ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றி வைத்தவை.

பழைய மானிட்டரின் குறுக்கே ஒரு பச்சைக் கோடு விழுந்துவிட்டது என்று, போன வாரத்துக்கு முந்திய சனிக்கிழமை வீட்டுக்காரர் புதிதாக ஒன்று வாங்கி வந்து மாட்டினார். இந்த மானிட்டரை நினைவில் வையுங்கள். அன்று சாயங்காலமே சத்தம் போய்விட்டது. அணைத்துப் போட்டோம், ஒயரைக் கழற்றி மாட்டினோம். ஸ்பீக்கரை என் கைப்பேசியில் செருகினால் நன்றாகப் பாடுகிறது. கணினியில் மாட்டினால் மூச்சில்லை. ஒலியளவோ 100இல் இருக்கிறது. விண்டோஸே பழுதைத் தேடும் வசதியை மகள் ஓடவிட்டுப் பார்த்தாள், பிரச்சினை எதுவும் இல்லை என்று வந்தது.

பழைய பொருள் வாங்கி விற்கும் செயலி ஒன்றில் தேடினேன். பெயர் வேண்டாம். வீட்டுக்கே வந்து கணினி பழுதுபார்ப்பதாகப் பலர் போட்டிருந்தார்கள். ஒரு விளம்பரத்தில் ‘தமிழ் பேசுவோம்’ என்று இருந்தது, ஐந்து நட்சத்திரமும் இருந்தது. பகலில் வீட்டில் அம்மா மட்டும்தான் இருப்பார், தமிழ் தெரிந்த ஆளாக இருந்தால் நல்லது என்று அவரையே கூப்பிட்டேன்.

திங்கள் சாயங்காலம் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். செருப்பை வெளியே ஒழுங்காக விட்டுவிட்டு, சாமி படத்தைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். அம்மாவைப் ‘பாட்டி’ என்றார், என்னை ‘அக்கா’ என்றார். அம்மா மைலோ கலக்கிக் கொடுத்தார், ஊரெல்லாம் விசாரித்தார். “பாட்டி, எங்க பாட்டியும் இப்படித்தான், காலையில தேவாரம் கேட்காம காப்பிகூடக் குடிக்க மாட்டாங்க” என்றார். அம்மாவின் முகம் மலர்ந்துபோனது. அந்த இடத்தில்தான் நாங்கள் விழுந்தோம். அதற்கப்புறம் அவர் சொன்ன எதையும் இரண்டாவது தடவை கேட்கத் தோன்றவில்லை.

என்ன ஆச்சு என்று கேட்டார். நான் என் வாயாலேயே சொன்னேன்: “சனிக்கிழமை புது மானிட்டர் மாட்டினோம், அன்னிலேர்ந்து சத்தம் இல்ல.” தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. பழைய மானிட்டருக்கு இருந்தது விஜிஏ ஒயர், அதில் படம் மட்டும்தான் போகும். புதியதற்கு எச்டிஎம்ஐ, அதில் படமும் சத்தமும் சேர்ந்தே போகும். அதை மாட்டியதும் விண்டோஸ் சத்தத்தை ஸ்பீக்கருக்குப் பதிலாக மானிட்டருக்கு அனுப்ப ஆரம்பித்திருக்கிறது. அந்த மானிட்டரிலோ ஸ்பீக்கரே கிடையாது. இது இந்தத் தொழிலில் இருக்கும் எவனுக்கும் தெரிந்த விஷயமாம், அக்கா மகன் சொல்கிறான். நான் சொன்ன முதல் வாக்கியத்திலேயே பழுதுபார்க்க வந்தவனுக்குப் பதில் கிடைத்துவிட்டது. இனி ‘அவர்’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

தெரிந்துகொண்டே பெட்டியைத் திறந்தான். கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, “அக்கா, போர்டுல ஆடியோ சிப் போயிடுச்சு, பாருங்க கருகிப்போயிருக்கு” என்றான். அங்கே எல்லாமே கறுப்பாகத்தான் இருந்தது, எனக்கு என்ன தெரியும்? அப்புறம், “விண்டோஸ் 10க்கு சப்போர்ட் நின்னுபோச்சு, அதுவும் ஒரு காரணம். சாஃப்ட்வேரையும் சரிபண்ணணும்” என்றான். பாதி உண்மையை எப்படிக் கலந்தான் பாருங்கள். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை நிறுத்தியது உண்மை. செய்தியில் நானும் படித்திருந்தேன், அதனால்தான் நம்பினேன். ஆனால் ஆதரவு நின்றால் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதுதான் நிற்கும், ஸ்பீக்கர் ஊமையாகாது.

கணினியைத் தூக்கிக்கொண்டு போகும்போது வாசலில் நின்று கேட்டேன், “உள்ள இருக்கிறது எதுவும் அழியாதுல்ல தம்பி?” “எல்லாம் அப்படியே இருக்கும்க்கா, என் வீட்டுப் பொருள் மாதிரி” என்றான்.

புதன்கிழமை கொண்டுவந்து மாட்டினான். சத்தம் வந்தது, மகள் கை தட்டினாள். வந்துபோனதற்கு 50, சிப்புக்கு 168, சாஃப்ட்வேருக்கு 60, ஆக 278 வெள்ளி என்றான். ரசீது கேட்டேன், வாட்ஸாப்பில் அனுப்புவதாகச் சொன்னான். செயலி வழியாகக் கட்டவா என்றேன். “அதுல கமிஷன் புடிப்பாங்கக்கா, பேநவ் பண்ணிடுங்க” என்றான். பேநவ்வில் வந்த பெயர் வேறு, விளம்பரத்தில் இருந்த பெயர் வேறு. கவனித்தேன். கவனித்தும் அழுத்தினேன், ஏனென்றால் அவன் எதிரில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான், அம்மா அவனுக்கு டப்பாவில் முறுக்கு போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அம்மா என்னை எழுப்பினார். “என் பேரக் காணோம்டி” என்றார். நாலு கணக்கும் இல்லை, ‘யூசர்’ என்று ஒன்றுதான் இருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, 60 வெள்ளியும் வாங்கிக்கொண்டு, மறுபடியும் அதே விண்டோஸ் 10ஐத்தான் போட்டிருக்கிறான். எங்கள் புகைப்படங்கள் கைப்பேசிகளில் இருக்கின்றன. அம்மாவின் ஒலிப்பதிவுகள் வேறு எங்கேயும் இல்லை. பழைய கைப்பேசி எப்போதோ போய்விட்டது. பாடம் சொல்லிக்கொடுத்த ஓதுவாரும் ஊருக்குத் திரும்பிவிட்டார்.

உடனே பழுதுபார்த்தவனைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பத்து மணிக்குச் செய்தி வந்தது: “வேலையில இருக்கேன்க்கா, ஈவ்னிங் கூப்பிடுறேன்.” கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை கேட்டால், “பேக்கப் கடையில இருக்கு, தேடிப் பார்க்கிறேன்” என்றான். எந்தக் கடை, எங்கே இருக்கிறது, நானே வருகிறேன் என்றேன். பதில் இல்லை. சனிக்கிழமை, “முதலாளி மலேசியா போயிருக்கார்” என்றான். அதுவரை முதலாளி என்று ஒருவர் இருப்பதையே அவன் சொன்னதில்லை. அம்மா தன் கைப்பேசியிலிருந்து குரல்செய்தி அனுப்பினார், “தம்பி, காசு போனாப் பரவாயில்லப்பா, அந்தப் பாட்டு மட்டும் இருந்தாக் குடுத்துடு” என்று. கேட்டிருக்கிறான், நீல நிற அடையாளம் விழுந்தது. ஒரு வரிகூடப் பதில் போடவில்லை. 278 வெள்ளியைவிட இதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

செயலிக்காரர்களிடம் வெள்ளியன்றே புகார் கொடுத்திருந்தேன். மறுநாள் வந்த பதில், பணம் செயலி வழியாகச் செலுத்தப்படாததால் அவர்களுடைய பாதுகாப்பு எனக்குப் பொருந்தாதாம், விற்பனையாளரிடமே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டுமாம். திரும்ப எழுதினேன், வார்த்தை மாறாமல் அதே பதில் வந்தது.

நேற்று இரவு அக்கா மகன் சாப்பிட வந்தான். பாலிடெக்னிக்கில் படிக்கிறான். கணினியின் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, “சின்னம்மா, இது என்ன?” என்று கட்டைவிரல் அளவில் ஒன்றைக் கழற்றிக் காட்டினான். யுஎஸ்பியில் செருகும் ஒலி அடாப்டர், கணினியின் ஆடியோ சிப் இல்லாமலே சத்தம் தரும். சில வெள்ளிக்கே கிடைக்குமாம். ஸ்பீக்கரை அதில் மாட்டிவிட்டுத்தான் சிப் மாற்றினேன் என்று 168 வெள்ளி வாங்கியிருக்கிறான். அக்கா மகன் அதைத் தூக்கி வைத்துவிட்டு ஸ்பீக்கரைப் பழையபடி பச்சை ஓட்டையில் செருகினான். திரையின் வலது கீழ்மூலையில் ஒலிச் சின்னத்தை ஒரு அழுத்து, மேலே இருந்த சின்ன அம்புக்குறியை ஒரு அழுத்து. பெயர்கள் பட்டியலாக விழுந்தன, மானிட்டரின் பெயர் முதலில். அதற்குக் கீழே ரியல்டெக் என்று இருந்ததை அழுத்தினான், அதுதான் கணினியின் சொந்த ஆடியோ சிப். சத்தம் வந்தது. கருகிப்போனதாகச் சொன்ன அதே சிப்பிலிருந்து வந்தது.

அதைக் காணொளியாக எடுத்துப் பழுதுபார்த்தவனுக்கு அனுப்பினேன். அடுத்த நிமிடம் என்னை பிளாக் செய்துவிட்டான். வீட்டுக்காரர் எண்ணிலிருந்து கூப்பிட்டால், மணி ஒன்றுகூட முழுதாக அடிப்பதற்குள் துண்டித்துவிடுகிறான்.

பயனீட்டாளர் சங்கத்துக்கு எழுதப் போகிறேன். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்கும் போகலாம். 20,000 வெள்ளிவரை அங்கே கேட்கலாம், 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குத் தனிமனிதர் கட்ட வேண்டியது 10 வெள்ளிதான், இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஆனால் எதிராளியின் பெயரும் முகவரியும் வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு கைப்பேசி எண்ணும் இரண்டு வேறு வேறு பெயர்களும்தான்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், சாப்பாட்டு நேரம் முடியப்போகிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சத்தம் போனால் முதலில் அந்த ஒலிச் சின்னத்தை அழுத்தி, சத்தம் எந்தப் பெயருக்குப் போகிறது என்று பாருங்கள், அதுவும் புது மானிட்டரோ டிவியோ மாட்டியிருந்தால் கட்டாயம். பின்பக்கம் ஸ்பீக்கர் பச்சை ஓட்டையில் இருக்கிறதா பாருங்கள், இளஞ்சிவப்பு மைக்குக்கு. கணினியை வீட்டைவிட்டு அனுப்பாதீர்கள், அனுப்பியே ஆகவேண்டும் என்றால் எல்லாருடைய கோப்புகளையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு அனுப்புங்கள். வீட்டுப் பெரியவர்களுடையதை முதலில் எடுங்கள், அவர்கள் கேட்க மாட்டார்கள். பேநவ்வில் பெயர் மாறி வந்தால் காசு அனுப்பாதீர்கள். ரசீது கையில் வராமலும் அனுப்பாதீர்கள்.

இப்போது சத்தம் வந்தும் கணினியை அணைத்துத்தான் வைத்திருக்கிறோம். கணினியில் மேற்கொண்டு எதையாவது பதிந்தால் அழிந்த கோப்புகள் மீள்வதற்கு இருக்கும் கொஞ்ச வாய்ப்பும் போய்விடும் என்று அக்கா மகன் சொல்கிறான். ஏற்கெனவே நாலு நாள் தெரியாமல் பயன்படுத்திவிட்டோம். மகள் என் கைப்பேசியில் பயிற்சி செய்கிறாள்.

உங்கள் வீட்டில் யாராவது 2016 முதல் 2022 வரை, சிராங்கூன் சாலைப் பக்கம் ஞாயிறு காலைகளில் நடந்த திருமுறை வகுப்புக்குப் போயிருந்தால் கேட்டுப் பாருங்கள். ஒரே ஒரு பதிவு அவர்களிடம் இருந்தாலும் எனக்கு எழுதுங்கள், தீவின் எந்த மூலையாக இருந்தாலும் நானே வந்து பிரதி எடுத்துக்கொள்கிறேன்.