எஃப்எஸ்டேப் காலி, ஆனாலும் பூட் ஆகிறது: சிஸ்டம்டியின் ஜிபிடி-ஆட்டோ பற்றி

எந்தப் பார்ட்டிஷன் (டிஸ்கின் பகுதி) எந்த ஃபோல்டரில் மவுண்ட் ஆக வேண்டும், அதாவது இணைய வேண்டும், என்று லினக்ஸுக்குச் சொல்லும் பட்டியல்தான் எஃப்எஸ்டேப். என் லேப்டாப்பில் அந்த ஃபைலில் ஒரு வரி கூடக் கிடையாது. பூட் ஆகும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் கமாண்ட் லைனிலும் ரூட் (ஓஎஸ் இருக்கும் முதன்மைப் பார்ட்டிஷன்) எங்கே இருக்கிறது என்று எழுதவில்லை. ஆனாலும் ஆன் செய்தால் ரூட், ஹோம் (நம் சொந்த ஃபைல்கள்), ஸ்வாப் (ரேம் போதாதபோது உதவும் இடம்) எல்லாம் தத்தம் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. இதைச் செய்வது, லினக்ஸைத் துவக்கி நடத்தும் சிஸ்டம்டியோடு வரும் ஜிபிடி-ஆட்டோ-ஜெனரேட்டர் என்ற சின்ன புரோகிராம். 2014-இல் வந்த 211-ஆம் பதிப்பிலிருந்தே இருக்கிறது. நீங்கள் லினக்ஸ் வைத்திருந்தால் அநேகமாக உங்களிடமும் இருக்கும், சும்மா தூங்கிக்கொண்டு.

நான் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறேன். லேபில் டெபியன், என் சொந்த லேப்டாப்பில் ஆர்ச். இரண்டிலும் இதைப் பழகிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில், எஃப்எஸ்டேப் மேல் எனக்கு என்ன கோபம் என்று சொல்லிவிடுகிறேன். லேபில் ஒரு சிஸ்டத்தில், எனக்கு முன்னால் இருந்த யாரோ வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றை அந்த ஃபைலில் எழுதிவைத்திருந்தார்கள், 'இல்லாவிட்டாலும் பூட் ஆகு' என்று பொருள்படும் நோஃபெயில் என்ற ஒரு வார்த்தையைச் சேர்க்காமல். டிஸ்க் எப்போதோ கழற்றப்பட்டுப் போய்விட்டது, வரி மட்டும் இருந்தது. ஆன் செய்தால் ஒரு சிவப்பு நட்சத்திரக் குறி இடமும் வலமும் ஓடும், பக்கத்தில் 1 நிமிடம் 30 நொடி வரை கணக்கு ஏறும், அப்புறம் எமர்ஜென்சி மோட். ரூட் பாஸ்வேர்டு வைக்காத சிஸ்டம் என்பதால் அங்கேயும் உள்ளே விடாது, ரூட் அக்கவுண்ட் பூட்டியிருக்கிறது என்று ஒரு வரி வரும். "மேடம், சிஸ்டம் செத்துப்போச்சு" என்று பிராக்டிகல் நேரத்தில் பசங்க வந்து நிற்பார்கள். செத்ததெல்லாம் இல்லை, இல்லாத டிஸ்குக்காகக் காத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஜிபிடி-ஆட்டோவின் யோசனை வேறு. பார்ட்டிஷன் எது, எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்பதை ஒரு ஃபைலில் எழுதிவைக்காமல், பார்ட்டிஷன் டேபிளிலேயே எழுதிவிடுவது. முகவரிப் புத்தகத்தைப் புரட்டாமல் வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு உள்ளே போவது மாதிரி. ஜிபிடி என்ற பார்ட்டிஷன் டேபிள் வகையில் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் வழக்கமாக 128 பைட் பதிவு ஒன்று உண்டு. அதன் முதல் 16 பைட், இது என்ன வகை என்று சொல்லும் எண். லினக்ஸ்காரர்கள் பல காலம் இந்த இடத்தை வீணடித்தார்கள். ரூட்டோ, ஹோமோ, எதுவானாலும் 'லினக்ஸ் ஃபைல்சிஸ்டம்' என்ற ஒரே பொது எண்தான். சிஸ்டம்டிக்காரர்கள் உட்கார்ந்து ரூட்டுக்கு ஒன்று, ஹோமுக்கு ஒன்று, எஸ்ஆர்விக்கு (சர்வர் டேட்டா வைக்கும் ஃபோல்டர்) ஒன்று என்று தனித்தனி எண் ஒதுக்கினார்கள். ரூட்டுக்கு மட்டும் பிராசஸர் வகைக்கு ஏற்ப வேறு வேறு எண்: 64 பிட் இன்டெலுக்கு ஒன்று, 64 பிட் ஆர்முக்கு இன்னொன்று.

மாற்றுவது சுலபம். ஜிபிடியைத் திருத்தும் எஸ்ஜிடிஸ்க் கமாண்டில் இந்த நீள எண்களுக்குச் சுருக்கக் குறியீடு இருக்கிறது. ரூட்டை, பொது வகையான 8300-இலிருந்து 8304 ஆக்க வேண்டும், ஹோமை 8302 ஆக்க வேண்டும். ஸ்வாப் பெரும்பாலும் ஏற்கெனவே 8200-ஆகத்தான் இருக்கும். உள்ளே இருக்கும் டேட்டாவை இது தொடுவதில்லை, டேபிளில் அந்த 16 பைட் மட்டும் மாறும். மாற்றிய பின், டிஸ்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கமாண்டில் பார்ட்டிஷன் வகைப் பெயரைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். இன்னும் பொது வகையாகவே காட்டினால் ஹோம் தானாக வராது.

எனக்கு இது பிடித்துப்போனது டிஸ்க் மாற்றியபோதுதான். பழைய 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியிலிருந்து 1 டிபி என்விஎம்இக்கு மாறினேன். டிடி கமாண்ட் போட்டு அப்படியே நகல். இங்கேதான் வழக்கமாகச் சிக்கல் வரும். நகல் எடுத்தால் ஃபைல்சிஸ்டத்தின் அடையாள எண்ணான யூயூஐடியும் சேர்ந்து நகலாகும். எஃப்எஸ்டேப் அந்த எண்ணை வைத்துத்தான் தேடுகிறது. பழைய டிஸ்கை யூஎஸ்பி கேஸில் போட்டுச் செருகிவைத்து பூட் செய்தால், ஒரே எண்ணில் இரண்டு டிஸ்க். எது மவுண்ட் ஆகும் என்பது அன்றைய அதிர்ஷ்டம். ஜிபிடி-ஆட்டோ இப்படிக் குழம்புவதில்லை. எந்தப் பார்ட்டிஷனிலிருந்து பூட் ஆனது என்பதை சிஸ்டம்டி-பூட் என்ற பூட்லோடர் ஒரு ஈஎஃப்ஐ வேரியபிளில் (மதர்போர்டு ஃபர்ம்வேர் வைத்திருக்கும் குறிப்பு) எழுதிவைக்கிறது. ஜெனரேட்டர் அதைப் படித்து, அந்த ஒரு டிஸ்கில் மட்டும் ரூட்டைத் தேடுகிறது. வேறு எந்த டிஸ்கைச் செருகியிருந்தாலும் கவலையில்லை.

ஆனால் ஒன்று. டிடி நகலில் பார்ட்டிஷனின் சொந்த அடையாள எண்ணும் ஒன்றாகத்தான் இருக்கும், அப்போது இந்தக் கெட்டிக்காரத்தனமும் எடுபடாது. நகல் எடுத்தவுடன் எஸ்ஜிடிஸ்கில் பெரிய எழுத்து ஜி ஆப்ஷனைப் போட்டு புது டிஸ்கின் எண்களை மாற்றிவிட வேண்டும். மதர்போர்டின் பூட் பட்டியல் பழைய எண்ணைத்தான் நினைவில் வைத்திருக்கும், அதனால் பூட்லோடரைப் பதியும் பூட்சிடிஎல் இன்ஸ்டால் கமாண்ட் இன்னொரு முறை. நான் எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டம் வைத்திருப்பதால் இதோடு முடிந்தது. பிடிஆர்எஃப்எஸ் வைத்திருப்பவர்கள் ஒரே யூயூஐடியோடு இரண்டு டிஸ்கை ஒன்றாகச் செருகவே செருகாதீர்கள். அது தனித் தலைவலி.

இன்னொரு விஷயம், பலர் கவனிக்காதது. பூட்லோடர் இருக்கும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை இது எப்போதும் மவுண்ட் செய்து வைப்பதில்லை. யாராவது அந்த ஃபோல்டரைத் தொட்டால் அந்த நொடியில் மவுண்ட் ஆகும், 2 நிமிடம் யாரும் தொடவில்லை என்றால் தானாகக் கழன்றுகொள்ளும். அது ஃபேட் ஃபைல்சிஸ்டம், ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு) கிடையாது, திறந்திருக்கும்போது கரண்ட் போனால் கெட்டுப்போக வாய்ப்பு அதிகம். யூபிஎஸ் பேட்டரி வீங்கிக் கிடக்கும் எங்கள் லேப் மாதிரி இடத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. கெர்னல் அப்டேட் நடக்கும் நேரம் தவிர அதைத் திறந்துவைக்க ஒரு காரணமும் இல்லையே.

சரி, குறைகளுக்கு வருவோம். பெரிய குறை, ஒரே டிஸ்க் என்ற கட்டுப்பாடுதான். நம் ஊரில் எல்லாரும் என்ன செய்கிறோம்? சின்ன எஸ்எஸ்டியில் ஓஎஸ், பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்கில் ஹோம். அந்த ஹோமை 8302 என்று குறித்துவைத்தாலும் இது திரும்பிப் பார்க்காது. ரூட் இருக்கும் டிஸ்கைத் தாண்டி வராது. பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள், நியாயமும் புரிகிறது. மேலே சொன்ன நகல் விஷயத்தில் காப்பாற்றியதே அந்தக் கட்டுப்பாடுதான். ஆனாலும் இரண்டு டிஸ்க் உள்ளவர்களுக்குப் பாதிப் பயன்தான். அவர்கள் ஹோமுக்கு மட்டும் எஃப்எஸ்டேப்பில் ஒரு வரி எழுதிக்கொள்ளலாம், சண்டை வராது. எஃப்எஸ்டேப்பில் இருப்பதை ஜிபிடி-ஆட்டோ மதித்து ஒதுங்கிவிடும். பல டிஸ்கைச் சேர்த்து ஒன்றாக நிர்வகிக்கும் எல்விஎம், சாஃப்ட்வேர் ரெய்டு வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். பழைய பயாஸில் எம்பிஆர் (ஜிபிடிக்கு முந்தைய பார்ட்டிஷன் டேபிள்) டிஸ்கோடு ஓடும் சிஸ்டங்களுக்கும் இது கிடையாது.

லுக்ஸ் என்கிரிப்ஷன் மட்டும் விதிவிலக்காக அழகாக வேலை செய்கிறது. ரூட் என்று குறித்த பார்ட்டிஷனுக்குள் லுக்ஸ் இருந்தால் பாஸ்வேர்டு கேட்டுத் திறந்து மவுண்ட் செய்துவிடுகிறது. என்கிரிப்ட் செய்த பார்ட்டிஷன்களைப் பட்டியலிடும் கிரிப்ட்டேப் ஃபைலும் வேண்டாம்.

ஸ்வாப் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்வாப் வேண்டாம் என்று எஃப்எஸ்டேப்பிலிருந்து அந்த வரியை அழிப்பீர்கள். ரீபூட் செய்தால் ஸ்வாப் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும். ஃபைலைத் திறந்து மறுபடி பார்ப்பீர்கள், வரி இல்லை. பேய் பிசாசெல்லாம் இல்லை. ஃபைலில் ஒரு ஸ்வாப் வரியாவது இருக்கும்வரை ஜிபிடி-ஆட்டோ ஸ்வாப் பக்கம் வராது, கடைசி வரியையும் அழித்தவுடன் 8200 என்று குறித்த பார்ட்டிஷனைத் தானே எடுத்துக்கொள்ளும். அதாவது, நிறுத்துவதற்காகச் செய்த வேலையே அதை எழுப்பிவிடுகிறது. தர்க்கப்படி சரிதான், ஆனால் தெரியாதவரை இரவெல்லாம் தேட வைக்கும். நிறுத்த வேண்டுமென்றால் டேபிளில் அந்தப் பார்ட்டிஷனுக்கு உள்ள பண்புக் குறிகளில் 63-ஆம் பிட்டை ஆன் செய்ய வேண்டும், 'இதைத் தானாக எடுக்காதே' என்று அதற்குப் பொருள். 60-ஆம் பிட் படிக்க மட்டும் என்பதற்கு.

இதைவிட எரிச்சல், எதையும் வாய்விட்டுச் சொல்லாத சுபாவம். வகை எண் தவறாக இருந்தாலோ, மவுண்ட் ஆக வேண்டிய ஃபோல்டர் காலியாக இல்லாவிட்டாலோ, ஒரு எச்சரிக்கை கூடக் கண்ணில் படாமல் பேசாமல் போய்விடுகிறது. ஹோம் வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று நாமே துருவ வேண்டும். வந்திருந்தால் ஹோம் டாட் மவுண்ட் என்ற யூனிட்டை (சிஸ்டம்டியின் அமைப்பு ஃபைல்) சிஸ்டம்சிடிஎல் கேட் போட்டுப் பாருங்கள், முதல் வரியிலேயே ஜிபிடி-ஆட்டோ உருவாக்கியது என்று கமெண்ட் இருக்கும். அது ஒன்றுதான் அத்தாட்சி. நோஏடைம் (ஃபைலைப் படித்த நேரத்தைப் பதியாதே) மாதிரி மவுண்ட் ஆப்ஷன் சேர்க்க வேண்டுமென்றாலும் யூனிட்டுக்கு டிராப்-இன் (கூடுதல் அமைப்பு ஃபைல்) எழுதும் வேலை. அதற்கு எஃப்எஸ்டேப் வரி எவ்வளவோ மேல்.

லாக் மாதிரி மாறிக்கொண்டே இருக்கும் டேட்டாவுக்கான வார் பார்ட்டிஷனுக்கு இருக்கும் விதியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வகை எண் மட்டும் போதாதாம், பார்ட்டிஷனின் அடையாள எண்ணும் அந்த லினக்ஸ் இன்ஸ்டாலேஷனுக்கே உரிய மெஷின் ஐடியிலிருந்து ஹேஷ் போட்டு வந்ததாக இருக்க வேண்டுமாம். ஒரே டிஸ்கில் இரண்டு லினக்ஸ் இருந்தால் ஒன்றின் வார் இன்னொன்றில் ஏறிவிடக் கூடாது என்பதற்காக. சரியான காரணம்தான், கையால் செய்ய எனக்குப் பொறுமை இல்லை. வாரைத் தனியாகப் பிரிப்பதையே விட்டுவிட்டேன்.

ரூட்டையும் தானாகக் கண்டுபிடிக்க வைக்க வேண்டுமென்றால் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் (ரூட் மவுண்ட் ஆகும் முன் ஓடும் சின்ன துவக்க இமேஜ்) சிஸ்டம்டி ஓட வேண்டும். ஆர்ச்சில் அதை உருவாக்கும் எம்கேஇனிட்சிபிஐஓ அமைப்பில் யூடெவ் ஹூக் இருந்தால் அதை எடுத்துவிட்டு சிஸ்டம்டி ஹூக் போட்டால் போதும். டெபியனில் அதே வேலைக்குக் காலங்காலமாக இருக்கும் இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸில் சிஸ்டம்டி இல்லை. அதனால் லேபில் ரூட்டை கிரப் என்ற பூட்லோடர் வழியாகவே சொல்கிறேன், ஹோமும் ஸ்வாப்பும் மட்டும் ஜிபிடி-ஆட்டோ பொறுப்பு. அதுவே எனக்குப் போதுமாக இருக்கிறது. ஒரே இமேஜை சாட்டா டிஸ்க் உள்ள சிஸ்டத்திலும் என்விஎம்இ உள்ளதிலும் போடுகிறேன், ஹோமுக்கும் ஸ்வாப்புக்கும் எதையும் திருத்த வேண்டியதில்லை. கிரப் வைத்துக்கொண்டே ரூட்டையும் விட்டுப்பார்க்க ஆசைப்படுபவர்கள் 2.12 பதிப்பும் அதில் வந்த பிஎல்ஐ மாட்யூலும் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கிரப் அந்த ஈஎஃப்ஐ வேரியபிளை எழுதாது. பூட்சிடிஎல் கொடுத்தால் வரும் பட்டியலில், பூட்லோடர் ஈஎஸ்பி (ஈஎஃப்ஐ பார்ட்டிஷன்) விவரத்தைச் சொல்கிறது என்ற வரிக்கு முன்னால் டிக் இருக்கிறதா என்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

ஒரே டிஸ்க், ஜிபிடி, யூஈஎஃப்ஐ உள்ள லேப்டாப் என்றால் தயங்காமல் மாறலாம், 5-க்கு 4 கொடுப்பேன். அந்த ஒரு மதிப்பெண் போனது வாய்திறக்காத சுபாவத்துக்கு. மாறும்போது எஃப்எஸ்டேப்பை அழிக்க வேண்டாம். முதலில் ஹோம் வரியின் முன்னால் மட்டும் ஹேஷ் குறி போட்டு ரீபூட் செய்யுங்கள், வந்தால் அடுத்த வரிக்குப் போங்கள். ஏதாவது ஏடாகூடமானால் பூட் மெனுவில் கமாண்ட் லைனைத் திருத்தி, சிஸ்டம்டி டாட் ஜிபிடி அண்டர்ஸ்கோர் ஆட்டோ சமம் 0 என்று ஆங்கிலத்தில் அடித்தால் இது முழுக்க அணைந்துவிடும். ரூட்டையும் இதனிடம் விட்டிருந்தால், அதே வரியில் ரூட் பார்ட்டிஷனையும் நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.