நாலு வருஷமா ஒரு 10×50 பைனாகுலரும் ஹாஸ்டல் மொட்டை மாடியும்: ரிப்பேர் முடிஞ்சு வந்த கோவத்துல எழுதுறது

பைனாகுலர் ரிப்பேர்ல இருந்து வந்து நாலு நாள் ஆகுது. கோவத்துலதான் எழுதுறேன், அதை முதல்லயே சொல்லிடுறேன். போன வாரம் ஜூனியர் பொண்ணு ஒருத்தி வந்து, "அக்கா, இந்த ஊர்ல நாலு வருஷம் இருக்கப்போறேன், பின்னாடி நெனச்சுப் பாக்குற மாதிரி என்ன பண்ணலாம், உங்ககிட்ட இருக்கிற பைனாகுலர் மாதிரி ஒண்ணு வாங்கலாமா"ன்னு ரெண்டு கேள்வியை ஒரே மூச்சுல கேட்டா. அவளுக்கு அப்போ சரியா பதில் சொல்லல, இப்போ சொல்றேன்.

10×50ன்னா பத்து மடங்கு பெருசாக்கும், முன்பக்க லென்ஸ் 50 மில்லிமீட்டர் அகலம், அவ்ளோதான். 2021 டிசம்பர்ல, காலேஜ் சேந்த புதுசுல வாங்கினது. யூஜி முடிஞ்சு இப்போ இங்கயே பிஜி, அதே ஹாஸ்டல், அதே மாடி.

என் பிரச்சனை ஒண்ணே ஒண்ணு. வலது பக்க ஐபீஸ்ல, அதாவது கண்ணை வைக்கிற பக்கத்து லென்ஸ்ல, ஒரு ரிங் இருக்கும், ரெண்டு கண்ணுக்கும் பவர் வேற வேறயா இருந்தா சரி பண்றதுக்கு. எனக்கு இடது கண்ணு மைனஸ் ஒன்றரை, வலது மைனஸ் ரெண்டே கால். கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாக்குறதால அந்த முக்கால் வித்தியாசத்தை ரிங்தான் ஈடு கட்டணும். வலது கண்ணை மூடிட்டு நடு வீலை திருப்பி இடது கண்ணுக்கு ஃபோகஸ் வைக்கணும், அப்புறம் இடது கண்ணை மூடிட்டு இந்த ரிங்கை மட்டும் திருப்பணும், ஒரு தடவை வச்சா அப்புறம் தொடவே வேண்டியதில்ல, அப்படித்தான் எல்லாரும் சொல்லிக் குடுப்பாங்க. ஆனா இதுல அந்த ரிங் நிக்கவே நிக்காது. கழுத்துல தொங்கி சட்டைல உரசினா திரும்பிடும், பைல இருந்து எடுத்தா திரும்பிடும், பக்கத்துல இருக்கிறவ கைக்கு மாத்தினா கண்டிப்பா திரும்பிடும். திரும்பினது நமக்குத் தெரியவும் செய்யாது, ஏன்னா இடது கண்ணு கூர்மையா பாத்துட்டே இருக்கும், மூளை அதை வச்சு சமாளிச்சுக்கும், என்னமோ சரியில்லன்னு மட்டும் தோணும், அஞ்சு நிமிஷத்துல நெத்தி வலிக்கும்.

இது சின்ன குறைதானேன்னு நானும் முதல் ரெண்டு வருஷம் நெனச்சேன். தனியா பாக்குறவங்களுக்கு சின்னதுதான், ஆனா ஹாஸ்டல்ல யாரும் தனியா பாக்குறதில்ல.

2024 அக்டோபர் நடுவுல சுசின்ஷான் அட்லஸ் வால்மீன் சாயங்காலம் மேற்குல தெரிஞ்சுது. மூணு நாள் மேகம். நாலாவது நாள் சூரியன் நல்லா இறங்கினதுக்கு அப்புறம் ஒரு இருபது நிமிஷம் அந்தப் பக்கம் மட்டும் வானம் தொறந்துச்சு. (சூரியன் முழுசா மறையுற வரைக்கும் பைனாகுலரை அந்தப் பக்கம் தூக்கவே கூடாது, ஒரு நொடி பட்டாலும் கண்ணு போயிடும், இதை எத்தனை தடவை வேணா சொல்லுவேன்.) நான் முதல்ல பாத்தேன், தலை ஒரு சின்ன பஞ்சுப் பொட்டு மாதிரி, அதுல இருந்து வால் மேல நோக்கி நீளமா, நிஜமா கை நடுங்கிடுச்சு. வெறுங்கண்ணுக்கு அது ஒரு புகைக்கோடு, அங்க இருக்குன்னு தெரிஞ்சவங்களுக்கு மட்டும் தெரியும். மாடில பதினோரு பேர் வரிசைல நின்னாங்க. கைமாறிக் கைமாறி போய் கடைசில என்கிட்ட வந்தப்போ பாத்தா ரிங் பிளஸ் பக்கம் கோடி வரைக்கும் போயிருந்துச்சு. எந்த ஆள்கிட்ட திரும்புச்சோ தெரியல. அதுக்கு அப்புறம் பாத்த எல்லாருக்கும் மங்கலாத்தான் தெரிஞ்சிருக்கும், யாரும் ஒண்ணும் சொல்லல, வால்மீன்னா அப்படித்தான் மங்கலா இருக்கும்போலன்னு நெனச்சு "சூப்பர்"னு சொல்லிட்டு குடுத்துட்டாங்க. நான் திருப்பி சரி பண்றதுக்குள்ள மேகம் மூடிடுச்சு, அடுத்து வந்த ராத்திரி எல்லாம் மேகம்தான். அந்தப் பதினோரு பேர்ல பாதிப் பேருக்கு இன்னமும் தெரியாது தாங்க அதை சரியா பாக்கலன்னு. இதை என்னால மன்னிக்க முடியல.

சரி, நல்லதையும் சொல்லணும், சொல்லாம விட்டா நியாயம் இல்ல.

வாங்கின முதல் ராத்திரியே கரண்ட் போச்சு. சின்ன ஊரு, காலேஜை விட்டா ரெண்டு தெரு, கரண்ட் போனா அடிவானம் வரைக்கும் இருட்டு. மாடில பாயைப் போட்டுப் படுத்துட்டு கார்த்திகையைப் பாத்தேன். வெறுங்கண்ணுக்கு ஆறு நட்சத்திரம், பைனாகுலர்ல எண்ண ஆரம்பிச்சு முப்பதுக்கு மேல போய் எண்ணிக்கையை விட்டுட்டேன், நீலமா, ஊசி குத்தின மாதிரி. 440 ஒளியாண்டு தூரத்துல ஒண்ணா பொறந்த கூட்டம் அது. இதுல பாக்குறப்போ ஆறரை டிகிரி வானம் ஒரே நேரத்துல தெரியும், அதாவது பதிமூணு முழு நிலாவை வரிசையா வைக்கலாம். கார்த்திகை முழுசா அதுக்குள்ள அடங்கும், பெரிய டெலஸ்கோப்ல இது ஒரு தடவைல அடங்காது. இதை நான் எதிர்பாக்கவே இல்ல.

அப்புறம் நடந்ததுதான் இந்த நாலு வருஷமும். ரூம்மேட் வந்தா, "என் நட்சத்திரம் ரோகிணி, அது எங்க"ன்னு கேட்டா. கார்த்திகைக்குப் பக்கத்துலயே ஆரஞ்சு நெறத்துல இருக்கே, அதுதான்னு காட்டினேன். பொறந்ததுல இருந்து வாய்ல சொல்லிட்டு இருந்த பேரு, மேல நிஜமா ஒண்ணு எரிஞ்சுட்டு இருக்குன்னு அவளுக்கு அன்னிக்குத்தான் தெரியும், ரொம்ப நேரம் பேசாம பாத்துட்டு இருந்தா. மறுநாள் மாடில ஒரு கூட்டம், எல்லாரும் அவங்கவங்க நட்சத்திரம் கேட்டு. திருவாதிரையைக் காட்டிடலாம், சித்திரையும் மகமும் தெரிய இன்னும் சில மாசம் ஆகணும், கேட்டைக்காரங்க கோடை வரைக்கும் காத்திருக்கணும். ஒருத்தி செமஸ்டர் முழுக்க ஞாபகம் வச்சுக்கிட்டு மே மாசம் வந்து "இப்போ கேட்டை வந்துடுச்சா"ன்னு கேட்டா. வந்திருந்துச்சு, செக்கச்செவேல்னு.

எங்க செக்யூரிட்டி அக்கா ராத்திரி பத்து மணிக்கு மாடி பூட்ட வருவாங்க. சாவிக்காக அவங்ககிட்ட முதல் வருஷம் பட்ட பாடு தனிக்கதை. ரெண்டாவது வருஷக் கடைசில ஒரு நாள் பூட்ட வந்தவங்க, "சுவாதி இருக்கா பாப்பா"ன்னு கேட்டாங்க. உச்சி வானத்துல இருந்துச்சு. நாற்காலில உக்கார வச்சு முழங்கையை கைப்பிடில ஊன வச்சு குடுத்தேன். பாத்தாங்க. 37 ஒளியாண்டு தூரம்க்கா, நீங்க இப்போ பாக்குற வெளிச்சம் அங்கருந்து கெளம்பி 37 வருஷம் ஆச்சுன்னு சொன்னேன். கண்ணை எடுக்காமலே விரல்ல எண்ணி, "அப்போ நான் நாலாங்கிளாஸ்"னாங்க. அன்னிக்கு மாடி பதினொன்றரை வரைக்கும் பூட்டல.

அப்பவும் ரிங் திரும்பித்தான் கெடந்துச்சு. அவங்களுக்கு சரி பண்ணிட்டு, எனக்கு மறுபடி சரி பண்ணேன்.

வியாழன் விஷயம் ஒண்ணு. எக்ஸாம் சமயத்துல தெனமும் படிச்சு முடிச்சதும் ரெண்டு நிமிஷம் மாடிக்குப் போய் வியாழனையும் பக்கத்துல இருக்கிற அதோட நாலு பெரிய நிலாக்களையும் பாத்துட்டு நோட்டுப் பின்பக்கத்துல புள்ளி வச்சுட்டு வருவேன், நடுவுல ஒரு வட்டம், ரெண்டு பக்கமும் புள்ளி. 1610 ஜனவரி 7ஆம் தேதி கலிலியோ இதையேதான் பண்ணாரு, முதல் நாள் அவருக்கு மூணுதான் தெரிஞ்சுது, நாலையும் பாக்க 13ஆம் தேதி ஆச்சு. எனக்கு மூணாவது நாளே நாலும் கெடச்சுது. அந்த நாலுல வெளில இருக்கிற காலிஸ்டோ ஒரு சுத்து வர கிட்டத்தட்ட 17 நாள், உள்ள இருக்கிற ஐயோ ரெண்டு நாள்கூட எடுத்துக்காது. எக்ஸாம் முடியுறப்போ காலிஸ்டோ ஒரு ரவுண்டு முடிச்சிருந்துச்சு. அந்த நோட்டு இன்னும் இருக்கு, அந்த சப்ஜெக்ட்ல என்ன எழுதினேன்னு சுத்தமா ஞாபகம் இல்ல. இதுக்கு கை ஆடவே கூடாது, பத்து மடங்கு பெருசாக்கினா கை நடுக்கமும் பத்து மடங்கு ஆகும். நின்னுட்டுப் பாத்தா வியாழன் பட்டாம்பூச்சி மாதிரி பறக்கும், சுவத்துல சாய்ஞ்சோ படுத்தோதான் பாக்கணும். சனி வளையம் தெரியுமான்னு கேப்பாங்க, தெரியாது, கொஞ்சம் நீள்வட்டமா தெரியும், அவ்ளோதான்.

நிலாவுக்கு பௌர்ணமி வேஸ்ட், வளர்பிறை எட்டாம் நாள் பக்கம் பாருங்க, வெளிச்சமும் இருட்டும் சேருற கோட்டுல பள்ளம் எல்லாம் நிழலோட நிக்கும். செல்லை அணைச்சுட்டு இருபது முப்பது நிமிஷம் இருட்டுல இருந்தாதான் கண்ணு பழகும், நடுவுல ஒருத்தி மெசேஜ் பாத்தா எல்லாருக்கும் திரும்ப முதல்ல இருந்து. மழைக்காலத்துல ஹாஸ்டல் அலமாரி ஈரம் லென்ஸ்ல பூஞ்சை புடிக்க வைக்கும், ஷூ டப்பால வர சிலிக்கா ஜெல் பொட்டலத்தை எல்லாம் சேத்து டப்பால போட்டு வச்சேன், நாலு மழைக்காலம் தாங்கிடுச்சு. லென்ஸ் தரம் இந்த அளவுக்கு நல்லா இருக்கும்னு நெனைக்கல, அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

2025 செப்டம்பர் 7 முழு சந்திர கிரகணத்துக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணேன். பழைய சைக்கிள் ட்யூப்ல இருந்து ஒரு விரல் அகலத்துக்கு வளையமா வெட்டி அந்த ரிங் மேல இறுக்கமா மாட்டிவிட்டேன். நின்னுச்சு! 82 நிமிஷம் நிலா செவப்பா தொங்கிட்டு இருந்துச்சு, சுத்தி சின்னச் சின்ன நட்சத்திரம் எல்லாம் முளைச்சு வந்துச்சு, நிலா ஒரு உருண்டைன்னு கண்ணுக்குத் தெரிஞ்சுது, எத்தனையோ பேர் கைமாறியும் ரிங் அசையல.

நவம்பர்ல நாற்காலில இருந்து கீழ விழுந்துச்சு. எடுத்துப் பாத்தா ரெண்டு வியாழன், ஒண்ணு மேல ஒண்ணு. உள்ள இருக்கிற பிரிசம் (வெளிச்சத்தைத் திருப்பிவிடுற கண்ணாடிக் கட்டி) நகந்து ரெண்டு குழாயும் வேற வேற பக்கம் பாக்குது. ரிப்பேருக்குக் குடுத்தேன். கடைக்காரர் மேல் ரப்பர் தோலை ஓரமா உரிச்சு அடில இருக்கிற குட்டி ஸ்க்ரூவை திருப்பி ரெண்டையும் ஒண்ணாக்கிட்டாரு, அந்த வேலை சுத்தம், குறை சொல்ல மாட்டேன். ஆனா நான் கேக்காமலே ஐபீஸை கழட்டி உள்ள இருந்த பழைய கெட்டி கிரீஸை தொடச்சுட்டு ஏதோ எண்ணெய் மாதிரி தண்ணியா ஒண்ணு போட்டிருக்காரு. ட்யூப் வளையத்தையும் தூக்கிப் போட்டுட்டாரு. ரிங்கை ஒரே எடத்துல நிறுத்தி வைக்கிறதே அந்த கெட்டி கிரீஸ்தான். இப்போ ஊதினா திரும்புது. 2026 ஜனவரி 10ஆம் தேதி வியாழன் சூரியனுக்கு நேர் எதிர்ல வந்து வருஷத்துலயே பெருசா தெரிஞ்ச நாள், பைனாகுலர் கடைல கெடந்துச்சு. வந்த நாள்ல இருந்து ஒவ்வொரு தடவையும் ரெண்டு கண்ணையும் மாத்தி மாத்தி மூடிட்டு இருக்கேன்.

அதனால ஜூனியர் பொண்ணுக்கு பதில்: இந்த மாடலை வாங்காத. நாலு வருஷத்துல என்னென்ன பாத்தேன்னு மேல இவ்ளோ எழுதிட்டும் சொல்றேன், வாங்காத. கடைல ரிங்கை திருப்பிப் பாரு, விரலுக்கு நல்லா எதுத்து நின்னா மட்டும் வாங்கு, மத்ததெல்லாம் அப்புறம்.

முதல் கேள்விக்கு, வியாழன் இப்போ புனர்பூசத்துக்குப் பக்கத்துல, மிதுனத்துல இருக்கு, ராத்திரி ஒம்பது மணிக்கு நல்லா மேல வந்துடும். மாடிக்கு வா. செல்லை ரூம்லயே வச்சுட்டு வா, உன் நட்சத்திரம் என்னன்னு வீட்ல கேட்டுட்டு வா, ரிங்கை மட்டும் தொடாத, உன் கண்ணுக்கு நானே திருப்பித் தரேன்.