ஹோஷி சாட்டோவுக்காக 'என்டர்பிரைஸ்' பார்ப்பது: பல வருஷ அனுபவம்

'ஸ்டார் ட்ரெக்: என்டர்பிரைஸ்' என்ற விண்வெளித் தொடர் 2001 செப்டம்பரில் அமெரிக்காவின் யூபிஎன் சேனலில் ஆரம்பித்து, நான்கு சீசன், 98 அத்தியாயம் ஓடி, 2005 மே மாதம் நிறுத்தப்பட்டது. முதல்முறை பார்த்தபோது எல்லோரையும் போல நானும் கேப்டன் ஆர்ச்சர், வல்கன் என்ற வேற்றுக்கிரக இனத்து டிபால், பொறியாளர் ட்ரிப் என்ற மூன்று பேரைத்தான் கவனித்தேன், ஏனென்றால் கேமராவே அந்த மூன்று பேரை விட்டு நகராது. திரும்பத் திரும்பப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் தகவல்தொடர்பு மேசையில் உட்கார்ந்திருக்கும் ஹோஷி சாட்டோ மேல் கண் போனது. போனது போனதுதான். இப்போதெல்லாம் இந்தத் தொடரைத் திறந்தாலே அவளுக்காகத்தான். அதனால் இதை மொத்தத் தொடரின் விமர்சனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹோஷிக்காக இதைப் பார்த்தால் என்ன கிடைக்கும், எங்கே வயிறெரியும், எதைத் தாண்டிவிடலாம் என்பதுதான் விஷயம். கதை முடிச்சுகளையெல்லாம் அவிழ்த்துத்தான் எழுதுகிறேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆன தொடர், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கதை 2151-இல் தொடங்குகிறது, அதாவது பழைய 'ஸ்டார் ட்ரெக்' நாயகர்களான கிர்க், ஸ்பாக் காலத்துக்கு நூறு வருஷம் முன்னால். மனிதர்கள் முதல்முறையாக உண்மையிலேயே தூரப் போகிறார்கள். எதிர்ப்படுகிறவர்கள் பேசும் மொழி எதுவும் தெரியாது, மொழிபெயர்க்கும் கருவி இன்னும் அரைவேக்காடு. ஆகவே கப்பலில் ஒரு மொழியியலாளர் வேண்டும். பிரேசிலில் மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்கும் ஹோஷியை ஆர்ச்சர் நேரில் போய்க் கூப்பிடுகிறார், வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வரமாட்டேன் என்கிறாள். அவர் வாதம் எதுவும் பண்ணாமல், பூமியில் யாருமே கேட்டிராத, கிளிங்கான் என்ற வேற்றுக்கிரக இனத்தின் குரல் பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டுகிறார், அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டாள். பைலட்டிலேயே, அதாவது முதல் அத்தியாயத்திலேயே, இத்தனை அழகாக ஒரு பாத்திரத்தை அறிமுகப்படுத்தியிருக்கிறார்கள் என்பதுதான் பின்னால் வரும் எரிச்சலுக்கெல்லாம் காரணம். பணமும் பதவியும் காட்டி மசிய வைக்க முடியாத ஒருத்தியைப் புரியாத ஒரு மொழி இழுத்துக்கொண்டு போகிறது. இவளை வைத்து எவ்வளவு செய்திருக்கலாம்!

சரி, என்ன செய்தார்கள்? முதல் சீசனில் நிஜமாகவே நன்றாகத் தொடங்கினார்கள். பைலட்டுக்கு அடுத்து வரும் 'ஃபைட் ஆர் ஃப்ளைட்' இன்றைக்கும் எனக்கு அவளுடைய மிகச் சிறந்த அத்தியாயம். ஆரம்பத்தில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை, அறையின் ஜன்னலில் நட்சத்திரங்கள் தப்பான பக்கம் ஓடுகின்றன என்று அறையை மாற்றிக் கேட்கிறாள். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் புது இடத்தில் தலைமாட்டுத் திசை மாறினாலே தூக்கம் கெடுகிறவர்களுக்கு அது சிரிப்பான விஷயமில்லை. அப்புறம் ஒரு அநாதைக் கப்பலுக்குள் போகிறார்கள். விண்வெளி உடைக்குள் மூச்சு முட்ட முட்ட இவளையும் கூட்டிப் போகிறார்கள், அங்கே கப்பல் சிப்பந்திகளின் உடல்கள் தலைகீழாகத் தொங்குகின்றன, குழாய் செருகி உடலிலிருந்து எதையோ உறிஞ்சிக்கொண்டிருக்கிறார்கள். ஹோஷி அலறிவிடுகிறாள். திரும்பி வந்ததும், நான் இந்த வேலைக்கு லாயக்கில்லை, என்னைப் பூமிக்கே அனுப்பிவிடுங்கள் என்கிறாள். மருத்துவர் ஃபிளாக்ஸின் அறையில், வேற்றுக்கிரகத்தில் பிடித்த ஒரு நத்தை மாதிரியான ஜீவன் சூழல் ஒத்துக்கொள்ளாமல் வாடிக்கொண்டிருக்கும். உவமை கொஞ்சம் பச்சையாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இருவரும் அந்த ஜீவனைப் பற்றிப் பேசுகிற மாதிரி அவளைப் பற்றியே பேசிக்கொள்ளும் இடம் எனக்குப் பிடிக்கும்.

கடைசிப் பத்து நிமிஷம்தான் முக்கியம். கொன்றவர்கள் திரும்பி வந்து என்டர்பிரைஸைத் தாக்குகிறார்கள். இறந்தவர்களின் இனத்தைச் சேர்ந்த ஆக்ஸனார் கப்பலும் வந்து நிற்கிறது. அதன் கேப்டனுக்கு, நம் ஆட்களைக் கொன்றது இந்த மனிதர்கள்தானோ என்ற சந்தேகம். மொழிபெயர்ப்புக் கருவி உளறுகிறது. நீயே பேசு என்கிறார் ஆர்ச்சர். அவளுக்கு அந்த மொழியில் தெரிந்தது கொஞ்சம்தான், இலக்கணம் பிடிபடவில்லை, தப்பாகச் சொன்னால் எல்லோரும் சாக வேண்டியதுதான். எழுந்து நின்று, திரையில் தெரியும் முகத்தைப் பார்த்து, தடுமாறித் தடுமாறிப் பேச ஆரம்பிக்கிறாள். ஒரு கட்டத்தில் இலக்கணத்தைப் பற்றிய கவலையே போய்விடுகிறது, எதிராளியின் முகத்தில் என்ன மாறுகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டு பேசுகிறாள். ஹோஷியாக வரும் லிண்டா பார்க் இதை நடித்திருக்கும் விதத்தைக் கவனியுங்கள், குரலில் பயம் அப்படியே இருக்கிறது, ஆனால் வாய் நிற்கவில்லை. பயம் போன பிறகு தைரியம் வந்ததாகக் காட்டுகிற ஹாலிவுட் வழக்கம் இங்கே இல்லை. ஆக்ஸனார் கப்பல் எதிரியின் பக்கம் திரும்பிச் சுடுகிறது. அன்றைக்கு என்டர்பிரைஸ் கப்பலைக் காப்பாற்றியது அவள் பேச்சு.

இத்தனை வருஷம் பார்த்ததில் எனக்குப் பிடிபட்ட கணக்கு ஒன்றே ஒன்றுதான்: கருவி கெட்டுப்போனால் ஹோஷிக்கு நல்ல காட்சி கிடைக்கும், கருவி ஒழுங்காக வேலை செய்தால் அவள் வெறும் ஆபரேட்டர். எழுத்தாளர்களுக்கு நாற்பத்து சொச்ச நிமிஷத்தில் கதையை முடிக்க வேண்டும், வாரம் ஒரு புது இனம், ஒவ்வொரு தடவையும் மொழி புரியாமல் திண்டாடிக்கொண்டிருக்க நேரம் இல்லை என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் அந்தத் திண்டாட்டத்தைக் காட்டத்தானே நூறு வருஷம் பின்னால் போய்க் கதை எடுத்தீர்கள்? இரண்டாம் சீசனுக்குள்ளேயே கருவி சர்வரோக நிவாரணி ஆகிவிடுகிறது, ஹோஷியின் வசனம் "அழைப்பு வருகிறது, கேப்டன்" என்ற அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

இதே கணக்கில் தேறும் இன்னும் இரண்டு அத்தியாயங்கள் முதல் சீசனிலேயே உண்டு. 'ஸ்லீப்பிங் டாக்ஸ்'-இல் ஒரு வாயுக்கிரகத்துக்குள் மூழ்கிக்கொண்டிருக்கும் கிளிங்கான் கப்பலில் டிபால், ஆயுத அதிகாரி ரீட், ஹோஷி மூவரும் மாட்டிக்கொள்கிறார்கள், பொத்தான்களில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான். நடுவில் பதறிப்போகும் அவளை டிபால் வல்கன் முறையில் அமைதிப்படுத்தும் காட்சி வரும். இரண்டு பெண்களும் வேலை நிமித்தமாக ஒருவரையொருவர் மதிக்கத் தொடங்குவதை இந்தத் தொடர் இதற்குப் பிறகு இன்னும் கொஞ்சம் காட்டியிருக்கலாம். அதை 'வாக்ஸ் சோலா' ஓரளவு காட்டுகிறது. வலை போன்ற ஒரு ஜீவன் ஆர்ச்சரையும் சிலரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது, அதோடு பேச வழி கண்டுபிடிக்க வேண்டும். டிபால் தன் திறமையைக் குறைத்து மதிப்பதாக ஹோஷிக்குக் குறை. இருவரும் முறைத்துக்கொண்டே வேலை செய்கிறார்கள். அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் அந்த முறைப்பு தெரிந்திருக்கும்.

இப்போது எரிச்சலுக்கு வருவோம். 'சைலன்ட் எனிமி'-இல் வெளியே பேரே தெரியாத எதிரி கப்பலைப் போட்டு அடித்துக்கொண்டிருக்கிறான், வந்தவன் யார் என்றும் தெரியாது, பேசவும் மாட்டேன் என்கிறான். மொழியியலாளருக்கு இதைவிடச் சவால் வேறென்ன வேண்டும்? ஹோஷிக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா, ரீடின் பிறந்தநாளுக்கு அவருக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்று கண்டுபிடிப்பது. கடைசியில் அன்னாசிப்பழம். ரீட் வேறு இவள் தன்னிடம் மயங்கிவிட்டாள் என்று தப்பாகப் புரிந்துகொள்வார். தனியாகப் பார்த்தால் கலகலப்பான துணைக்கதைதான், நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் மொழி தேவைப்படும் கதையில் மொழிக்காரியை மெனு விசாரிக்க அனுப்பியதை எப்போது பார்த்தாலும் ஜீரணிக்க முடியவில்லை.

அதைவிட மோசம் 'ஷாக்வேவ்' இரண்டாம் பாகம். கப்பல் எதிரிகள் கையில், எல்லோரும் அவரவர் அறையில் சிறை. குறுகலான குழாய்ப் பாதை வழியாக ஊர்ந்து போகக்கூடிய உடல்வாகு ஹோஷிக்குத்தான். பயந்துகொண்டே போகிறாள், காரியத்தை முடிக்கிறாள். கடைசியில் கீழே இறங்கும்போது மேல்சட்டை மாட்டிக் கழன்று, கையால் மார்பை மூடிக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு 'ஜோக்'. இதை எழுதியவர்களுக்கு யாராவது அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தைரியமான செயலைக் கொடுத்த கையாலேயே பிடுங்கிக்கொண்டார்கள்.

'வேனிஷிங் பாயின்ட்' அவளை மையமாக வைத்த அத்தியாயம்தான். ஆளை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நொடியில் அனுப்பும் டிரான்ஸ்போர்ட்டர் வழியாக வந்த பிறகு யார் கண்ணுக்கும் தெரியாமல், யார் காதிலும் விழாமல் கொஞ்சம் கொஞ்சமாக அவள் மறைந்துபோகிறாள். பாதி வரைக்கும் அருமை, ஏனென்றால் இந்தத் தொடரில் அவளுக்கு உண்மையிலேயே நடந்துகொண்டிருப்பதும் அதுதானே! ஆனால் முடிவில் எல்லாம் டிரான்ஸ்போர்ட்டருக்குள் 8.3 விநாடியில் அவள் மனசு ஓட்டிய படம் என்று சொல்லிவிடுகிறார்கள். மூன்றாம் சீசனின் 'எக்ஸைல்' பற்றிப் பலர் உயர்வாகச் சொல்வார்கள். மனசைப் படிக்கத் தெரிந்த ஒரு தனிமைக் கிழவர் துணைக்கு அவளைக் கேட்கிற கதை. எனக்கு இழுவையாகத்தான் படுகிறது. அவருடைய கருவியை உடைத்துவிடுவேன் என்று அவள் மிரட்டி வெளியேறும் இடம் மட்டும் தேறும்.

மூன்றாம் சீசனின் கடைசி இரண்டு அத்தியாயங்களைப் பார்க்க மனசு கொஞ்சம் திடமாக இருக்க வேண்டும். ஸிண்டி என்ற எதிரிக் கூட்டத்தின் ஊர்வன இனத்தார் அவளைக் கடத்திக்கொண்டு போய், மூளைக்குள் ஒட்டுண்ணிகளை ஏற்றி, பூமியை அழிக்கும் ஆயுதத்தின் குறியீட்டை உடைக்கச் சொல்கிறார்கள். அந்த நிலைமையிலும் அவள் பூட்டைத் திறக்காமல் மேலே இன்னொரு பூட்டைப் போடுகிறாள். இது ஒரே ஒரு வரியில் வந்துபோகிறது, கண்ணை இமைத்தால் தவறிவிடும். முதல் சீசனில் பிணத்தைப் பார்த்து அலறியவள் இவள்தான் என்று யோசித்துப் பார்த்தால் அந்த ஒரு வரிக்கு எவ்வளவு கனம்! நடுவில் இந்த மாற்றம் எப்படி நடந்தது என்று தொடர் காட்டவே இல்லை, நாம்தான் துண்டுகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காம் சீசனில் தயாரிப்பாளர் மானி கோட்டோ பொறுப்பெடுத்த பிறகு கொஞ்சம் விடிவு. 'அப்ஸர்வர் எஃபெக்ட்'-இல் கிருமி தொற்றி ட்ரிப்பும் ஹோஷியும் ஒரே அறையில் அடைபட்டுக் கிடக்கிறார்கள். சாவு நெருங்கும் நேரத்தில், பயிற்சிக் காலத்தில் தான் திருட்டுத்தனமாகப் போக்கர் சூதாட்டம் நடத்தியதையும், தடுக்க வந்த அதிகாரியின் கையை உடைத்ததையும், அதற்காக வெளியேற்றப்பட்டதையும் சாவகாசமாகச் சொல்கிறாள். மொழித்திறமை வேண்டும் என்பதற்காகத்தான் திரும்பச் சேர்த்துக்கொண்டார்களாம். நான்காம் சீசன் வரைக்கும் இந்தப் பெண்ணை எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள்? பெரிய செட் இல்லை, சண்டை இல்லை, இரண்டு பேர் பேசுகிறார்கள், அவ்வளவுதான். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு 'ஃபைட் ஆர் ஃப்ளைட்'டுக்கு அடுத்து நான் சொல்வது இதைத்தான்.

ஹோஷி என்றதும் எல்லோரும் எடுத்துப் போடுவது 'இன் எ மிரர், டார்க்லி' இரண்டு பாகங்கள். எல்லோரும் கொடியவர்களாக இருக்கும் மாற்று உலகமான கண்ணாடி உலகத்து ஹோஷி, கேப்டனின் ஆசைநாயகியாக இருந்து, கடைசியில் ஆர்ச்சருக்கு விஷம் வைத்துவிட்டுத் தன்னைப் பேரரசி என்று அறிவித்துக்கொள்வாள். லிண்டா பார்க் அனுபவித்து நடித்திருக்கிறார், கடைசிக் காட்சியில் அந்த நாற்காலியில் உட்காரும் தோரணை ஒன்று போதும். நானும் அலுக்காமல் பார்க்கிறேன். ஆனால் அது நம் ஹோஷி இல்லை. அவளுடைய சிறந்த தருணம் என்று அவள் இல்லாத ஒருத்தியைக் காட்டுவது, நல்ல பெண் பாத்திரத்துக்கு எழுதத் தெரியவில்லை என்பதற்குத்தான் சாட்சி.

நம் ஹோஷிக்கான நாற்காலி 'டெர்ரா பிரைம்'-இல் வருகிறது. செவ்வாயில் ஒரு வெறியன் பிரம்மாண்டமான ஆயுதத்தைப் பூமியை நோக்கித் திருப்பி வைத்திருக்கிறான். ஆர்ச்சர் குழுவோடு உள்ளே போயிருக்கிறார், கப்பல் ஹோஷி பொறுப்பில். நேரம் தீரப்போகிறது, அமைச்சர் சாமுவேல்ஸ் சுடு, சுடு என்று நெருக்குகிறார். சுட்டால் உள்ளே இருக்கும் தன் ஆட்கள் போய்விடுவார்கள். அவள் கத்தவில்லை, கண்ணீர் விடவில்லை, பொறுக்கிறாள். ரொம்பச் சின்னக் காட்சி. ஆனால் 'ஃபைட் ஆர் ஃப்ளைட்'டைப் பார்த்துவிட்டு நேராக இதைப் பார்த்தால் நான்கு சீசனில் எழுதாமல் விட்ட முழுக் கதையும் தெரியும்.

'டெர்ரா பிரைம்' வந்த அன்றைக்கே ஒளிபரப்பான இறுதி அத்தியாயம் கதையில் ஆறு வருஷம் தாண்டி 2161-க்குப் போகிறது. ஹோஷி அப்போதும் கடைநிலை அதிகாரியான என்சைன்தான், பத்து வருஷமாக ஒரு பதவி உயர்வு கிடையாது. அதைத் தாராளமாகத் தாண்டிவிடுங்கள். பார்க்க வேண்டியவை 'ஃபைட் ஆர் ஃப்ளைட்', 'வாக்ஸ் சோலா', 'அப்ஸர்வர் எஃபெக்ட்', 'டெர்ரா பிரைம்', நேரம் இருந்தால் 'ஸ்லீப்பிங் டாக்ஸ்'. கண்ணாடி உலகத்தை ஒரு சனிக்கிழமை ராத்திரிக்குத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.