பம்பைக் கழற்றவா, கேஜை மாட்டவா?

காலையில் வாய்க்கால் மண்ணை வாரி எறிகிற மினி ஹிட்டாச்சி, வெயில் ஏறியதும் பூம் என்கிற பெரிய கையைத் தூக்கவே திணறும். அந்தக் கையை அசைப்பது பம்ப் அழுத்தித் தள்ளுகிற ஹைட்ராலிக் ஆயில்தான். வள்ளியூர், களக்காடு பக்கம் இதைச் சொன்னால் மூன்று யோசனை கிடைக்கும். "பம்பு போச்சு அண்ணாச்சி, இறக்கிருவோம்" என்பார் ஒருவர். "68 ஆயிலை ஊத்திப் பாரும்" என்பார் இன்னொருவர். கேஜ் மாட்டி ஆயில் அழுத்தத்தை அளக்கச் சொல்கிறவர் அபூர்வம். என் ஓட்டு அவருக்குத்தான்.

ஆயில் யோசனை முழுக்கத் தப்பில்லை. 46, 68 என்ற எண்கள் 40 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைக் காட்டுபவை. சூடு ஏற ஏற இரண்டுமே நீர்த்துப்போகும். 68 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். வெயில் ஊருக்கு மேனுவல் அனுமதித்தால் ஊற்றலாம். ஆனால் தேய்ந்த பம்பின் உள்கசிவையும் அது சில நாள் மூடி மறைக்கும். ஆயிலை மாற்றுமுன், அதைக் குளிர்விக்கிற கூலரைப் பாருங்கள். பணகுடிக் காற்றில் பறக்கிற செம்மண்ணும் அறுத்த வயலின் தூசும் அதன் இடுக்கை அடைத்திருந்தால், எந்த ஆயில் ஊற்றியும் பலனில்லை. டேங்கில் நுரை தெரிந்தால் எங்கேயோ காற்று இழுக்கிறது. பால் நிறமானால் தண்ணீர் கலந்திருக்கிறது.

பம்பை இறக்குவதுதான் மூன்றிலும் செலவு கூடியது. பழுது பம்பில் இல்லாவிட்டால் அத்தனையும் வீண். அழுத்தம் எல்லை மீறாமல் காக்கிற ரிலீஃப் வால்வில் சிக்கிய சிறு துகளும், பம்புக்குப் போகிற ஆயிலை வடிகட்டுகிற, அடைத்துப்போன சக்‌ஷன் ஸ்டெயினரும்கூட இதே சோர்வைத்தான் காட்டும். லீவர் எதுவுமே வேலை செய்யாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது மற்ற லீவர்களை முடக்கி வைக்கிற லாக் லீவரின் ஃபியூஸ். வயல்வெளியில் பம்பைத் திறந்தால் உள்ளே போகிற தூசு தனிக் கணக்கு.

கேஜ் என்ன சொல்லும்? இன்ஜினை முழு வேகத்தில் வைத்து, பக்கெட்டைக் கடைசிவரை சுருட்டிச் சில நொடி பிடித்தால் ரிலீஃப் அழுத்தம் தெரியும். பல மினி வண்டிகளில் அது 200 முதல் 250 பார் (அழுத்த அலகு) வரை; உங்கள் வண்டிக்குச் சரியான எண் மேனுவலில் இருக்கும். லீவர் அசைவை வால்வுக்குக் கடத்துகிற பைலட் லைனில் 30 முதல் 40 பார் வரை போதும். அது இறங்கிப்போனால் மெயின் பம்ப் நன்றாக இருந்தாலும் எல்லா அசைவும் மந்தமாகும். இரண்டையும் வண்டி குளிர்ந்திருக்கும்போது ஒரு தடவை, சூடானபின் ஒரு தடவை அளக்க வேண்டும். ஒரே ஒரு அசைவில் மட்டும் அழுத்தம் குறைந்தால், அந்த சிலிண்டர் சீலையோ அந்த அசைவுக்கென்றே உள்ள ரிலீஃப் வால்வான போர்ட் ரிலீஃபையோ பாருங்கள். பம்பைத் தொட வேண்டாம்.

கேஜுக்கும் ஒரு குறை உண்டு. அழுத்தத்தைக் காட்டுமே தவிர, ஆயில் எவ்வளவு பாய்கிறது என்று சொல்லாது. அதற்கு போன் ஸ்டாப்வாட்சே போதும்: பூம் தரையிலிருந்து உச்சிக்குப் போக எத்தனை நொடி என்று குளிரிலும் சூட்டிலும் குறித்துக்கொள்ளுங்கள். அழுத்தம் சரியாக இருந்து, சூட்டில் எல்லா அசைவுக்கும் நேரம் நீண்டால் சந்தேகம் பம்பின் மேல். பிஸ்டன் பம்பாக இருந்தால் உள்கசிவை டேங்குக்குத் திருப்புகிற கேஸ் டிரெயின் ஹோஸில் வருகிற ஆயிலையும் அளக்கலாம். அளவுக்கு மீறினால் தேய்மானம் உறுதி.

ஒரு பக்கச் செயின் மட்டும் பின்தங்கினால் கேஜே தேவையில்லை. செயினை ஓட்டுகிற இரண்டு டிராவல் மோட்டாரின் ஹோஸ்களையும் இடம் வலமாக மாற்றிப் பூட்டுங்கள். கோளாறு அதே பக்கம் நின்றால் மோட்டார். பக்கம் மாறினால், சுழலும் மேல்பாகத்திலிருந்து ஆயிலைக் கீழே கடத்துகிற சென்டர் ஜாயிண்ட், வால்வு என மேலே தேட வேண்டும். எதைக் கழற்றினாலும் பக்கெட்டைத் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்தி, அழுத்தத்தை வெளியேற்றிவிட்டுக் கழற்றுங்கள். ஹோஸில் ஊசித்துளைக் கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். ஆயில் தோலுக்குள் பாய்ந்து கையே போகலாம். அட்டையைக் காட்டிப் பாருங்கள்.

அளந்தபின் பம்ப்தான் என்று ஆனால் ரீகண்டிஷனா புதுசா என்ற கேள்வி வரும். ரீகண்டிஷன் தாராளமாக வாங்கலாம், டெஸ்ட் பெஞ்சில் ஓட்டி அழுத்தத்தையும் பாய்ச்சலையும் எழுதிக் கொடுத்தால் மட்டும். எது வாங்கினாலும் டேங்கைக் கழுவி, பழைய பம்பின் உலோகத் தூள் தங்கிய ஹோஸ்களைச் சுத்தம் செய்து, ஃபில்டரை மாற்றியபிறகே மாட்டுங்கள்.